ஆண் மகவின் உடற்தூய்மை: எது தேவை, எது தீங்கு

எங்கள் இளைய மகன் தாய்வீட்டில் பிறந்தான். நாற்பது நாள் கழிந்ததும் தாயையும் சேயையும் அழைத்துக்கொண்டு, அப்போது பணி நிமித்தம் குடியிருந்த புணே நகருக்குத் திரும்பினோம். பாட்டிமார் எவரும் உடன் வர இயலவில்லை. மகாராட்டிர வீடுகளில் பச்சிளங்குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதற்கென்றே அனுபவமுள்ள பெண்கள் வருவதுண்டு. அவர்களை 'மாவ்ஷி', அதாவது சித்தி என்று அழைப்பார்கள். எங்கள் குடியிருப்புக்கு வந்த மாவ்ஷி கைதேர்ந்தவர். கால்களை நீட்டி அமர்ந்து, குழந்தையை அவற்றின்மீது கிடத்தி, அவர் எண்ணெய் தேய்க்கும் அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஒரே ஒரு வழக்கம் மட்டும் எங்களை உறுத்தியது. குளியலின் முடிவில் ஒவ்வொரு நாளும் குழந்தையின் ஆணுறுப்பின் முன்தோலைப் பின்னுக்கு இழுத்து, உள்ளே ஒரு சொட்டு எண்ணெய் விடுவார். குழந்தை வீறிட்டு அழுவான். "இப்போதே இழுத்துப் பழக்காவிட்டால் பெரியவன் ஆனதும் கத்தி வைக்க வேண்டியிருக்கும், தாயி" என்பார். மறுத்துப் பேச எங்களிடம் அறிவும் இல்லை, துணிவும் இல்லை. இரண்டு வாரத்தில் இடுப்புத் துணியில் சிறு இரத்தக்கறை தென்பட்டது. தோல் சிவந்து வீங்கியது. அருகிலிருந்த மருத்துவர் ஒருவரிடம் காட்டினோம். அவரும், "உள்ளே அழுக்குச் சேர்ந்திருக்கிறது, தினமும் இழுத்துச் சுத்தம் செய்யுங்கள்" என்று கூறி, ஒரு களிம்பு எழுதிக்கொடுத்தார்.

பத்தாவது வாரத் தடுப்பூசி போட்ட நான்காம் நாள் காய்ச்சல் வந்தது. தடுப்பூசிக் காய்ச்சல் என்று எண்ணிச் சொட்டு மருந்து கொடுத்துவிட்டு ஓர் இரவு முழுவதும் காத்திருந்தோம். சளி இல்லை, இருமல் இல்லை. விடியற்காலையில் குழந்தை பால் குடிக்க மறுத்துத் துவண்டு கிடந்தபோதுதான் பெரிய மருத்துவமனைக்கு ஓடினோம். சிறுநீர்த் தொற்று என்பது பரிசோதனையில் தெரிந்தது. நரம்பு வழியே மருந்து செலுத்தி, பத்து நாளில் மீட்டுக் கொடுத்தார்கள். தோலை இழுத்ததால்தான் தொற்று வந்ததா என்று கேட்டதற்கு அங்கிருந்த குழந்தை அறுவை மருத்துவர், "அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் இழுத்தது தவறு என்பதை உறுதியாகச் சொல்வேன்" என்றார். அன்று அவர் அரைமணி நேரம் ஒதுக்கி விளக்கியதும், அதன்பின் நாங்கள் படித்தறிந்ததுமே இக்கட்டுரை. வீட்டில் பேசக் கூச்சப்படும் பொருள் என்பதாலேயே எழுத முற்பட்டோம்.

பிறந்த ஆண் குழந்தையின் முன்தோல் உள்ளிருக்கும் மொட்டுப்பகுதியோடு ஒட்டியே இருக்கும். இது நோயன்று, குறையுமன்று. நகமும் சதையும் ஒட்டியிருப்பது போன்ற இயற்கை அமைப்பு. மலமும் சிறுநீரும் படும் பருவத்தில் மென்மையான உட்பகுதியை இத்தோல் மூடிக் காக்கிறது. குழந்தை வளர வளர, உட்புறச் செல்கள் உதிர்ந்து, இரு தோல்களும் சிறிது சிறிதாகத் தாமே பிரிகின்றன. இங்கிலாந்தின் டக்ளஸ் கெய்ர்ட்னர் என்ற மருத்துவர் 1949ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பிறந்த குழந்தைகளுள் நூற்றுக்கு 4 பேருக்கு மட்டுமே தோல் முழுதும் பின்செல்வதைக் கண்டார். டென்மார்க்கின் யாகோப் ஓஸ்டர் பள்ளிச் சிறுவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதித்து 1968இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் தெளிவானது. 6, 7 வயதிலும் ஏறத்தாழ 63 விழுக்காட்டினருக்கு ஓரளவு ஒட்டுதல் எஞ்சியிருந்தது. 16, 17 வயதில் அது 3 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. கத்தியோ கைவிசையோ இன்றிக் காலமே அதைச் செய்து முடித்தது.

எங்கள் தொழிலின் மொழியில் சொல்வதானால், இது முதிர்வுத் தேதி குறிக்கப்படாத வைப்புத்தொகை. முன்கூட்டி உடைத்தால் இழப்பு நமக்கே. வலிந்து இழுக்கும்போது ஒட்டியிருக்கும் தோல் கிழிந்து புண்ணாகிறது. புண் ஆறுகையில் தழும்பு ஏற்பட்டுத் துவாரம் இறுகுகிறது. எந்த அறுவையைத் தவிர்க்கவென்று இழுக்கிறோமோ, அதே அறுவைக்கு அந்த இழுப்பே வழிகோலிவிடும். மாவ்ஷியின் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. அவருக்கு அவர் அன்னை சொன்னது அது. படித்த மருத்துவரே அதைச் சொன்னார் என்பதுதான் இன்றும் ஆறாதிருக்கிறது.

அப்படியாயின் செய்ய வேண்டியது என்ன? மிகக் குறைவு. குளிப்பாட்டும்போது வெளியே தெரியும் பகுதியை மட்டும் வெதுவெதுப்பான நீரால் கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். உள்ளே நீர் பீய்ச்சுதல், பஞ்சுக் குச்சி நுழைத்தல், எண்ணெய் விடுதல் எதுவும் வேண்டா. தொடையிலும் வயிற்றிலும் எண்ணெய் தேய்ப்பதில் தவறில்லை. குளியல் நீரில் கிருமிநாசினித் திரவம் கலக்கும் வழக்கம் நம் வீடுகளில் பரவலாக உள்ளது. அது குழந்தையின் தோலை எரிச்சலூட்டுமேயன்றி நன்மை தராது. வாசனைச் சோப்பும் முகப்பவுடரும் அவ்விடத்திற்கு ஆகா. அரைஞாண் கட்டும் வீடுகளில் அந்தக் கயிற்றை நாள்தோறும் கழுவி உலர்த்தி, நைந்துபோனால் மாற்றிவிட வேண்டும். காரணமின்றிக் குழந்தை ஓயாது அழுதால் உறுப்பிலோ கால்விரல்களிலோ தலைமுடி அல்லது நூலிழை சுற்றி இறுக்கியிருக்கிறதா என்று உடைகளை நீக்கிப் பாருங்கள். பிள்ளை பெற்ற தாயருக்கு முடி கொட்டும் காலம் அது. அவ்வாறு இறுகியிருந்தால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தொற்றைத் தடுப்பதில் குளியலைவிட இடுப்புத் துணியின் பங்கே பெரிது. மலம் கழித்தவுடன் மாற்றுதல் வேண்டும். டயாப்பர் அணிவித்தால், அது நிறைந்து தொங்கும்வரை காத்திராமல் இரண்டு மூன்று மணிக்கொருமுறை பார்த்து மாற்ற வேண்டும். விலை மிகுதி என்று ஒன்றையே இரவு முழுதும் விட்டுவைப்பது பொய்யான சிக்கனம். ஈரத்தில் ஊறிய தோல் சிவந்து தடிக்கும், பூஞ்சையும் பிடிக்கும். நாளில் சிறிது நேரம் எதுவும் அணிவிக்காமல் காற்றாட விடுவதற்கு இணையான மருந்து இல்லை. நம் பாட்டிமாரின் பழைய வேட்டித் துணி இவ்வகையில் உயர்ந்தது. நன்கு அலசி, வெயிலில் காய்ந்திருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

பெற்றோர் அஞ்சும் சில காட்சிகள் அஞ்சத்தக்கன அல்ல. தோலுக்கு அடியில் வெண்ணிற முத்துப்போல் சிறு கட்டி தென்படலாம். அது சீழன்று, உதிர்ந்த செல்கள் திரண்டது. நாளடைவில் தானே வெளியேறிவிடும். சிறுநீர் கழிக்கும்போது முன்தோல் பலூன்போல் உப்பலாம். நீர் தடையின்றி வெளிவந்து, குழந்தை வலியின்றி இருந்தால் அதுவும் இயல்பே.

ஆனால் தோல் சிவந்து, வீங்கி, தொட்டால் குழந்தை அழுது, நுனியில் சீழ் அல்லது துர்நாற்றம் இருந்தால் அது அழற்சி. அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்துக்கடையில் கேட்டுக் களிம்பு வாங்கிப் பூசாதீர்கள். கடைகளில் எளிதில் கிடைக்கும் பல கலவைக் களிம்புகளில் வீரியமிக்க ஸ்டீராய்டு மருந்து சேர்ந்துள்ளது. குழந்தையின் தோலை அது மெலியச் செய்யும். அதே ஸ்டீராய்டை மருத்துவர் அளவறிந்து, தழும்பிட்டு இறுகிய தோல் நெகிழ்வதற்காகச் சில வாரங்கள் பூசச் சொல்வதும் உண்டு. பின்னுக்கு இழுத்த தோல் முன்னுக்குத் திரும்பாமல் சிக்கி, மொட்டுப்பகுதி வீங்கத் தொடங்கினால் விடியும்வரை காத்திருக்கலாகாது. இரத்த ஓட்டம் தடைப்படும் நெருக்கடி அது. சிறுநீர் சொட்டுச் சொட்டாக மட்டும் வந்தாலோ, முக்கி முக்கிக் கழித்தாலோ சிறுநீர்ப் பாதையில் பிறவித் தடை இருக்கிறதா என்று ஆராய வேண்டும். இது சிறுநீரகத்தைக் கெடுக்கவல்லது. வெளியே சிவப்போ சீழோ தெரியாததால் பலர் இதைக் கவனியாமல் விடுகின்றனர்.

சிறுநீர்த் தொற்றைப் பற்றி அச்சுறுத்தாமல் உள்ளபடி சொல்ல விரும்புகிறோம். முன்தோல் அகற்றப்படாத ஆண் குழந்தைகளுள் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு முதல் ஆண்டில் இத்தொற்று வரலாம். முன்தோல் அகற்றப்பட்டவர்களிடம் இது மேலும் அரிது. ஆயினும், நலமாக உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் இதற்காகவே அறுவை செய்ய வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவக் கழகம்கூட 2012ஆம் ஆண்டு அறிக்கையில் பரிந்துரைக்கவில்லை. சமய நெறிப்படி சுன்னத் செய்யும் குடும்பத்தினருக்கும் ஒரு செய்தி உண்டு. சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் கீழ்ப்புறம் அமைந்திருந்தால் முதலில் அறுவை மருத்துவரைக் காண வேண்டும். அக்குறையைச் சீர்செய்ய அந்த முன்தோலே தேவைப்படும்.

கைக்குழந்தையால் எரிச்சல் என்று சொல்ல இயலாது. சளி இருமலற்ற காய்ச்சல், வாந்தி, பால் குடிக்க மறுப்பு, எடை ஏறாமை, சோர்வு ஆகியவையே அதன் மொழி. மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 பாரன்ஹீட் தொட்டாலே உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எங்களைப்போல் தடுப்பூசியின்மேல் பழி போட்டு ஓர் இரவைக் கழிக்க வேண்டா. தடுப்பூசிக் காய்ச்சல் பெரும்பாலும் ஓரிரு நாளில் தணிந்துவிடும். நான்காம் நாள் புதிதாகத் தோன்றாது. சிறுநீரைப் பையில் சேகரித்தால் வெளித்தோலின் கிருமிகளும் கலந்து முடிவு தவறக்கூடும். ஆகவே மெல்லிய குழாய் வழியே எடுக்க வேண்டுமென மருத்துவர் கூறினால் தயங்காதீர்கள். அதற்கும் முன்தோலை முழுதாகப் பின்னிழுக்க வேண்டிய தேவை இல்லை. காய்ச்சல் விட்டதும் மருந்தை நிறுத்திவிடாமல், சொன்ன நாள்வரை கொடுத்து முடிக்க வேண்டும்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2011 சூன் முதல் நாள் தொடங்கிய ஜனனி சிசு சுரட்சா காரியக்கிரமத்தின்கீழ், நோயுற்ற பச்சிளங்குழந்தைகளுக்கு அரசு மருத்துவமனைகளில் மருந்து, பரிசோதனை, போக்குவரத்து ஆகியவை கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. 2014இல் இவ்வுரிமை ஒரு வயது வரையுள்ள குழந்தைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. மருத்துவமனையில் பிரசவமான வீடுகளுக்கு ஆஷா பணியாளர் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள்களில் வந்து குழந்தையைப் பார்க்க வேண்டும் என்பது விதி. அவரிடம் கூச்சமின்றிக் கேளுங்கள். தனியார் மருத்துவக் காப்பீடு வைத்திருப்போர் பாலிசி ஆவணத்தை ஒருமுறை எடுத்துப் படித்துவிடுங்கள். பல பாலிசிகளில் குழந்தைக்குப் பாதுகாப்பு 90 நாள் கடந்த பின்னரே தொடங்குகிறது. ஆபத்து மிகுந்த நாள்களோ அதற்கு முந்தியவை.

தோல் தானே பின்செல்லத் தொடங்கிய பிறகுதான் உட்புறத் தூய்மை என்ற பேச்சே எழுகிறது. அதையும் சிறுவனே செய்துகொள்ள வேண்டும். வலியின்றி எவ்வளவு போகிறதோ அவ்வளவே தோலை நகர்த்தி, நீரால் கழுவி, மறவாமல் முன்னிருந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும். எங்கள் மகனுக்கு ஏழாவது வயதில் பல் துலக்கும் பாடத்தோடு இதையும் தந்தை சொல்லிக்கொடுத்தார். இரண்டு நிமிடம் ஆயிற்று. "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு விளையாடப் போய்விட்டான்.