மலை முகாமும் மூன்று நிமிட மூச்சும்

முதல் வகுப்பில் ஆளுக்கு ஒரே ஒரு உலர்ந்த திராட்சை கொடுப்பார்கள். வாங்கியதும் வாயில் போட்டுவிடக் கூடாது. உள்ளங்கையில் வைத்துப் பார்க்க வேண்டும். சுருக்கங்களை விரலால் தடவ வேண்டும். காதருகே கொண்டுபோய் உருட்டிக் கேட்க வேண்டும், முகர வேண்டும். அதற்குள் எச்சில் ஊறிவிடும். அதையும் கவனிக்க வேண்டும். பிறகு நாக்கில் வைத்து, கடிக்காமல் கொஞ்ச நேரம் இருந்து, நிதானமாக ஒரு கடி. வேர்க்கடலைப் பொட்டலத்தை பஸ் கிளம்புவதற்குள் காலி செய்கிற நமக்கு இது வேடிக்கையாகத்தான் தோன்றும். ஆனால் மனச்சோர்வு திரும்பத் திரும்ப வந்துபோனவர்களுக்கு, மேற்கத்திய மருத்துவமனைகளில் சொல்லித்தரும் எட்டு வாரப் பயிற்சி இப்படித்தான் தொடங்குகிறது. புத்தரின் விபஸ்ஸனா தியானமும் இன்றைய உளவியல் சிகிச்சையும் கலந்த பயிற்சி அது. சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் என்ற மூன்று உளவியலாளர்கள் அதை வடிவமைத்து 2002இல் நூலாக வெளியிட்டார்கள்.

சுவிட்சர்லாந்தில் இதைச் சோதித்துப் பார்த்தவர் ஜெனிவாவின் மனநல மருத்துவர் கீடோ பொண்டோல்ஃபி. அவரும் குழுவினரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில் 60 பேர் பங்கேற்றார்கள். அனைவருக்கும் குறைந்தது மூன்று முறை மனச்சோர்வு வந்து போயிருந்தது. ஆய்வு தொடங்கியபோது நலமாக இருந்தார்கள். மாத்திரை எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. குலுக்கல் முறையில் பிரித்து 31 பேருக்கு வழக்கமான கவனிப்போடு தியானப் பயிற்சியும், 29 பேருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும் என்று வைத்து 14 மாதம் பின்தொடர்ந்தார்கள்.

முடிவு கலவையானது. நோய் திரும்பியவர்களின் விகிதம் இரண்டு குழுவிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் திரும்ப வருவதற்கு எடுத்துக்கொண்ட காலம் வேறு. தியானம் பழகாதவர்களுக்கு இடைநிலை அளவாக 69 நாள். பழகியவர்களுக்கு 204 நாள். ‘இவ்வளவுதானா?’ என்று உதட்டைப் பிதுக்கலாம். காலையில் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே முடியாமல் கிடந்த ஒருவருக்குக் கூடுதலாகக் கிடைக்கும் நாலரை மாதம் என்பது என்னவென்று அவர் வீட்டாருக்குத் தெரியும்.

இதே ஆய்வில், அதிகம் பேசப்படாத இன்னொரு செய்தி உண்டு. பயிற்சி முடிந்து வீட்டுக்குப் போனபின் அவர்கள் என்ன செய்தார்கள் என்றும் கேட்டிருந்தார்கள். பாயை விரித்து நீண்ட நேரம் உட்காரும் தியானம் மாதம் செல்லச் செல்லக் குறைந்துகொண்டே வந்தது. வேலைகளுக்கு நடுவே செய்யும் சின்னச் சின்னப் பயிற்சிகளோ 14 மாதமும் குறையாமல் நின்றன. விபஸ்ஸனாவை அன்றாட வாழ்க்கைக்குள் கொண்டுவருவது பற்றி எத்தனையோ புத்தகங்கள் வந்துவிட்டன. எனக்கு அவை எல்லாவற்றையும்விட இந்த ஒரு தகவல்தான் பெரிதாகப் படுகிறது.

அந்தச் சின்னப் பயிற்சிகளில் முக்கியமானது மூன்று நிமிடம் பிடிக்கும். ட்ராம் வரக் காத்திருக்கும்போது செய்யலாம், லிஃப்டுக்குள் போவதற்கு முன் செய்யலாம். முதலில் இப்போது மனதில் என்ன ஓடுகிறது, உடம்பில் எங்கே இறுக்கம் என்று பார்ப்பது. எதையும் மாற்ற முயலாமல் பார்ப்பதோடு சரி. அடுத்து கவனத்தை மூச்சில் மட்டும் வைப்பது. மூன்றாவதாக மூச்சிலிருந்து முழு உடம்புக்கும் கவனத்தை விரிப்பது. அவ்வளவுதான். ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற நினைப்பு வந்தால் அதோடு வாதம் செய்யத் தேவையில்லை. ‘லாயக்கில்லை என்ற நினைப்பு வந்திருக்கிறது’ என்று கண்டால் போதும். ஏற்கெனவே பலமுறை சோர்வில் விழுந்தவருக்கு ஒரு சின்ன வாட்டமே பழைய எண்ணச் சங்கிலி முழுவதையும் இழுத்துக்கொண்டு வந்துவிடும் என்பது டீஸ்டேல் குழுவின் கணிப்பு. அந்தச் சங்கிலியை முதல் கண்ணியிலேயே பார்த்துவிடுவதுதான் இதன் நோக்கம்.

இந்தப் பயிற்சி ஜெனிவா வந்து சேர்ந்த வழி சுவாரசியமானது. அதற்குச் சுவிட்சர்லாந்திலேயே ஒரு முன்கதை இருக்கிறது.

வயலின் கலைஞராக இருந்து பர்மாவில் துறவு பூண்ட ஜெர்மானியர் ஞானதிலோகர். ஐரோப்பாவில் ஒரு பௌத்த மடம் நிறுவ இடம் தேடி அவர் சுவிஸ் வந்தார். லுகானோ அருகே மலைக்குடில் ஒன்றில் சீவர ஆடையோடு குளிர்காலத்தைக் கழித்ததில் நெஞ்சுச்சளி பிடித்துப் படுத்திவிட்டது. பின்னர் லோசானில் பெர்ஜியே என்ற பொறியாளர் தந்த வீட்டில் தங்கினார். ஐரோப்பிய மண்ணில் முதன்முதலாக ஒருவருக்குப் பௌத்தத் துறவு அளித்தது அங்கேதான், 1910இல். ஆனால் மடம் வேர் பிடிக்கவில்லை. மறு ஆண்டே இலங்கை போய், காலி அருகே தொடந்துவையின் ஏரித் தீவொன்றில் ஆசிரமம் அமைத்தார். ஹெர்மன் ஹெஸ்ஸேயும் அதே 1911இல்தான் இலங்கைக்குக் கப்பலேறினார். அவர் பிறகு சுவிஸ் கிராமம் ஒன்றில் அமர்ந்து எழுதிய நாவலைத் திருலோக சீதாராமின் ‘சித்தார்த்தன்’ வழியாக நம்மில் பலர் படித்திருப்போம்.

ஞானதிலோகர் ஜெர்மனில் மொழிபெயர்த்தவற்றுள் ஒன்று, ஐந்தாம் நூற்றாண்டில் புத்தகோசர் அநுராதபுரத்தில் எழுதிய ‘விசுத்திமக்க’. மூச்சை எண்ணும்போது ஐந்துக்குக் குறையவும் கூடாது, பத்தைத் தாண்டவும் கூடாது என்கிற அளவுக்கு நுணுக்கம் பார்க்கும் நூல் அது. புத்தகோசர் காஞ்சிபுரத்திலும் தங்கியிருந்தவர் என்பதை நாம் கொஞ்சம் பெருமையோடு நினைத்துக்கொள்ளலாம், தப்பில்லை.

தொடந்துவைத் தீவுக்கு 1936இல் வந்து சேர்ந்த சீடர் ஞானபோனிகர். விபஸ்ஸனா பற்றி அவர் எளிய நடையில் எழுதிய நூல் மேற்கே பரவலாகப் படிக்கப்பட்டது. அதைப் படித்தவர்களில் ஒருவர் ஜான் கபாட்-ஸின். அவர் 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் தீராத வலிக்காரர்களுக்காக ஒரு வகுப்பு தொடங்கினார். மதச் சடங்கு, பாலி மந்திரம் எதுவும் அதில் இல்லை. அந்த வகுப்பின் வழித்தோன்றல்தான் பொண்டோல்ஃபி சோதித்த பயிற்சி. லோசானில் 1910இல் வேர் பிடிக்காமல் போனது, நூறு ஆண்டு கழித்து, லோசான் இருக்கும் அதே ஏரிக்கரையில், ஜெனிவாவில் மருத்துவ ஆய்வாக வந்து நின்றது.

வீட்டையும் வேலையையும் விடாமல் தியானம் செய்வது மேற்கத்தியரின் கண்டுபிடிப்பு என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அது சரியல்ல. பர்மா சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டு தலைமைக் கணக்காயராகப் பதவியேற்ற ஊ பா கின், தன் அலுவலகத்திலேயே ஊழியர்களுக்கு விபஸ்ஸனா சொல்லிக்கொடுத்தார். கோப்புகளுக்கும் தணிக்கைக் குறிப்புகளுக்கும் நடுவில் தியானம். அவரைத் தேடி 1955இல் வந்தவர் எஸ்.என்.கோயங்கா. மாண்டலேயில் பிறந்த மார்வாடித் தொழிலதிபர். ஒற்றைத் தலைவலிக்கு மார்ஃபின் ஊசி போட்டுக்கொள்ளும் நிலை. சுவிட்சர்லாந்து முதல் ஜப்பான் வரை போய்ப் பெரிய டாக்டர்களைப் பார்த்தும் குணமாகவில்லை. தலைவலிக்காக என்றால் வர வேண்டாம், மனதைச் சுத்தம் செய்ய என்றால் வா என்று ஊ பா கின் முதலில் திருப்பி அனுப்பிவிட்டாராம். பிறகு அவரிடம் 14 ஆண்டுகள் பயின்ற கோயங்கா 1969இல் இந்தியா வந்து முதல் முகாமை மும்பையிலும் அடுத்ததைச் சென்னையிலும் நடத்தினார்.

சுவிஸ் டாக்டர்கள் கைவிரித்த அந்த மனிதரின் மரபில் இன்று சுவிஸ் மலையிலேயே ஒரு முகாம் இருக்கிறது. லாஞ்சின்ஸ் கைக்கடிகாரம் பிறந்த ஊர் சான் இமியே. அங்கிருந்து இழுவை ரயிலில் ஏறினால் மோன் சொலேய். அங்கேதான் ‘தம்ம சுமேரு’ மையம். பத்து நாள் முகாமில் முதல் ஒன்பது நாள் பேச்சு கிடையாது, கட்டணமும் கிடையாது. விடிகாலை 4 மணிக்கு மணி அடிக்கும். முதல் மூன்று நாள் மூக்கு நுனியில் மூச்சு, நான்காம் நாளிலிருந்து உச்சி முதல் பாதம் வரை உடம்பின் உணர்ச்சிகளைப் பார்ப்பது. தூன் ஏரிக்கு மேலே பேயாட்டன்பெர்க் கிராமத்தில் இன்னொரு தியான மையம் இருக்கிறது. ஆசியாவில் பயின்று திரும்பிய ஃப்ரெட் ஃபொன் அல்மென் போன்றோர் தொடங்கியது அது. காண்டர்ஸ்டெக்கில் தாய்லாந்து வனத்துறவி அஜான் சா மரபின் தம்மபால மடம். ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிப் போத்தலைத் தொட்டியில் போட்டால்கூட அக்கம்பக்கத்தார் முகம் சுளிக்கும் நாட்டில், அமைதி தேடி இன்னும் உயரத்துக்கு ஏறுகிறார்கள்!

அங்கே வாழும் ஈழத்தமிழரிடம் இதைப் பேசினால் பதில் வேறு மாதிரி வரும். அவர்கள் விட்டுவந்த ஊரில் பௌத்தம் என்பது மூச்சும் அமைதியும் மட்டும் அல்ல. அரசும் ராணுவமும் கூடவே நின்றன. பெர்ன் நகரில் 2014இல் திறக்கப்பட்ட ‘மதங்களின் இல்லத்தில்’ தமிழரின் சைவக் கோயிலும் பௌத்த மையமும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. ஐரோப்பியர்கள் பௌத்தத்திலிருந்து தியானத்தை மட்டும் சுலபமாகப் பிரித்தெடுத்துக்கொண்டார்கள் என்றால், அந்த வரலாற்றின் சுமை அவர்கள் தோளில் இல்லாததும் ஒரு காரணம்.

அறிவியலுக்கு வருவோம். எட்டே வாரத்தில் மூளையின் கட்டமைப்பே மாறிவிடுகிறது என்று 2011இல் வந்த ஆய்வை இன்றும் மேடைதோறும் சொல்கிறார்கள். அதில் தியானம் பழகியவர்கள் வெறும் 16 பேர். 200க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு செய்து 2022இல் வெளியான ஆய்வில் அப்படி எந்த மாற்றமும் தென்படவில்லை. பிரிட்டனில் 8,000க்கும் அதிகமான பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்துப் பார்த்ததிலும் பெரிதாகப் பலன் இல்லை. மாறாக, மனச்சோர்வு பலமுறை வந்தவர்கள் விஷயத்தில் சான்று உறுதியானது. 424 பேரை இரண்டு ஆண்டு பின்தொடர்ந்து 2015இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் 47 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது; மருத்துவர் மேற்பார்வையில் மாத்திரையைக் குறைத்துக்கொண்டே தியானம் பழகியவர்களில் 44 சதவீதம். ஏறக்குறைய சமம். தியானம் மாத்திரையை வென்றுவிடவில்லை, தோற்கவும் இல்லை.

சூரிச் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிவிட்டு ஜெர்மனி சென்ற தானியா சிங்கர் நடத்திய ஒன்பது மாத ஆய்வு இன்னொரு முனையைத் தொட்டது. மூச்சைக் கவனிக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்கள் பதற்றம் குறைந்ததாகச் சொன்னார்கள். ஆனால் நெருக்கடியான சூழலில் அவர்கள் உடம்பில் சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் குறையவில்லை. தினமும் இன்னொருவரோடு பத்து நிமிடம் மனம்விட்டுப் பேசி, குறுக்கிடாமல் கேட்கும் பயிற்சியையும் செய்தவர்களுக்கே அது கணிசமாகக் குறைந்தது. தனியே கண்ணை மூடிக்கொள்வதைவிட எதிரில் இருப்பவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பது உடம்பைக் கூடுதலாக அமைதிப்படுத்துகிறது என்று இதை நான் எடுத்துக்கொள்கிறேன். மாமியார் மருமகள் உள்ள வீடுகளில் சோதித்துப் பார்க்கத் தக்கது.

குறுக்குவழியையும் சுவிஸ்காரர்கள் விட்டுவைக்கவில்லை. போதைக் காளானின் சாரமான சைலோசைபினை 1950களின் இறுதியில் பிரித்தெடுத்தவர் பேசல் வேதியியலாளர் ஆல்பர்ட் ஹோஃப்மன். சூரிச் மனநல ஆய்வாளர் ஃப்ரான்ஸ் ஃபோலன்வைடர் குழு ஐந்து நாள் ஜென் முகாமில், பழுத்த தியானிகள் 39 பேரில் ஒரு பாதியினருக்கு அதையும் மறுபாதிக்கு வெற்று மருந்தையும் கொடுத்தது. நான்கு மாதம் கழித்தும் முதல் பாதியினர் தங்கள் அன்றாட வாழ்வில் கூடுதல் நல்ல மாற்றங்களைச் சொன்னார்கள். சுவாரசியமான முடிவுதான். ஆனால் மருத்துவர்கள் சூழ்ந்திருக்க, பல ஆண்டு தியானம் பழகியவர்களிடம் கிடைத்த முடிவு அது. நம் நாட்டில் அந்தப் பொருள் சட்டவிரோதம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நீண்ட தியானத்துக்கும் பக்கவிளைவு உண்டு. தூக்கம் போவது, அடக்க முடியாத பயம், தான் யாரென்ற உணர்வு குலைவது என்று தியானிகளே விவரித்தவற்றை அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் வில்லோபி பிரிட்டன் குழு 2017இல் தொகுத்து வெளியிட்டது. கோயங்கா மரபின் பத்து நாள் முகாம் சென்னையை ஒட்டித் திருமுடிவாக்கத்திலும் நடக்கிறது. போக விரும்புகிறவர்கள் விண்ணப்பத்தில் மனநலம் பற்றிக் கேட்டிருக்கும் இடத்தில் எதையும் மறைக்காமல் எழுதுங்கள். மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால், டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம். பத்து நாள் லீவு கிடைக்காதவர்கள் மூன்று நிமிடத்தை இன்றைக்கே தொடங்கலாம்.