வேலை நேரமும் ஓய்வு நேரமும்: நாஞ்சில் நாட்டிலிருந்து ஒரு பார்வை

வேலை–ஓய்வுச் சமநிலை என்பது, ஒருவர் பிழைப்புக்காகச் செலவிடும் நேரத்துக்கும், உறக்கம், குடும்பம், வழிபாடு, விளையாட்டு, சும்மா இருத்தல் போன்றவற்றுக்கு அவரிடம் மிஞ்சும் நேரத்துக்கும் இடையிலான பொருத்தத்தைக் குறிக்கும். இந்தப் பொருத்தம் குலைந்து, நீண்ட நேரம் உழைப்பதே பெருமை என்று ஒரு சமூகம் எண்ணத் தொடங்கும்போது அதை மிகையுழைப்புப் பண்பாடு என்கிறோம். இதற்கு எடுத்துக்காட்டாக எப்போதும் அமெரிக்காவே சொல்லப்படுகிறது. ஆனால் யாருக்கு ஓய்வு, எத்தனை மணிநேரம், யார் கொடுப்பது என்ற கேள்விகள் நமக்குப் புதியவை அல்ல. கன்னியாகுமரி மாவட்டத்தின் சுசீந்திரத்திலும் அதைச் சுற்றியுள்ள நாஞ்சில் நாட்டு ஊர்களிலும் இவற்றுக்கு இருநூறு ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு.

விடுமுறையும் சனிக்கிழமையும்

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி செல்லும் சாலையில், பழையாற்றின் கரையில் இருக்கிறது சுசீந்திரம். இங்குள்ள தாணுமாலய சுவாமி கோயிலின் மார்கழித் திருவிழா பத்து நாள் நடக்கும். ஒன்பதாம் நாள் தேரோட்டம். அன்று மாவட்டம் முழுவதற்கும் உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். பள்ளிப் பிள்ளைகள் எதிர்பார்த்துக் காத்திருக்கும் அறிவிப்பு அது. அதைக் கடைசி வரி வரை படிப்பவர்கள் குறைவு. கீழே இரண்டு குறிப்புகள் இருக்கும். ஒன்று, இது செலாவணி முறிச் சட்டத்தின்படி அறிவிக்கப்பட்ட விடுமுறை அன்று என்பது; அதாவது வங்கிகளுக்கு இது பொருந்தாது. மற்றது, இந்த நாளுக்கு ஈடாகப் பின்னால் வரும் ஒரு சனிக்கிழமை வேலை நாளாக இருக்கும் என்பது.

தற்கால ஓய்வின் இயல்பை இந்த இரண்டு குறிப்புகளும் நன்றாகக் காட்டிவிடுகின்றன. தேரோட்ட நாள் பிள்ளைகளுக்கும் அரசு ஊழியர்களுக்கும் கடனாகக் கிடைக்கிறது. சனிக்கிழமை அதைத் திருப்பிச் செலுத்துகிறார்கள். அதே நாளில் பேருந்து ஓட்டுநர், வளையல் கடைக்காரர், காவலர், சாமி பார்க்க வந்தவர்களுக்குச் சாப்பாடு போடும் கடையில் இலை எடுப்பவர் ஆகியோருக்கு ஆண்டிலேயே அதிக வேலை. ஒருவரின் ஓய்வு நேரம் இன்னொருவரின் வேலை நேரமாக இருப்பது இன்று எல்லா ஊருக்கும் பொது.

இரண்டு பூவுக்கு இடையில்

நாஞ்சில் நாட்டு வயல்களில் நெல் இரண்டு போகம். புரட்டாசியை ஒட்டி அறுவடையாவது கன்னிப்பூ. மாசியை ஒட்டி அறுவடையாவது கும்பப்பூ. கன்னி, கும்பம் என்ற மாதப் பெயர்கள், இப்பகுதி 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், திருவிதாங்கூர்–கொச்சி நிர்வாகத்தில் இருந்ததை நினைவூட்டுகின்றன. நாற்று நடும்போதும் அறுக்கும்போதும் பகல் முழுவதும் வேலை, சில நாட்களில் இரவிலும் சூடடிப்பு. நடுவில் களை, தண்ணீர் பார்ப்பது என்று வேலை தளரும். கும்பப்பூ அறுத்து, அடுத்த விதைப்புக்கு நிலம் காத்திருக்கும் பங்குனி, சித்திரையில்தான் அம்மன் கோயில்களிலும் மாடன் கோயில்களிலும் கொடை விழாக்கள் பல நடக்கின்றன. வில்லுப்பாட்டு இரவெல்லாம் ஓடும்.

மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் ரப்பர் பால் வெட்டுபவர்களின் நாளும் இதுபோல் மரத்தின் போக்கில் அமைந்ததுதான். குளிர்ச்சியில் பால் நன்றாக வடியும் என்பதால் விடியும் முன்பே தோட்டத்துக்குப் போவார்கள். வெயில் ஏறுவதற்குள் வெட்டு முடிந்துவிடும். மழை பெய்தால் வெட்டு இல்லை, கூலியும் இல்லை.

இங்கிலாந்து வரலாற்றாசிரியர் இ. பி. தாம்சன் 1967இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்றில் இந்த வேறுபாட்டை விளக்கினார். பழைய உழைப்பு வேலையின் போக்கில் நடந்தது. வேலை முடிந்தால் நாள் முடிந்தது. தொழிற்சாலை உழைப்பு கடிகாரத்தின் போக்கில் நடக்கிறது; வேலை முடிந்தாலும் மணி அடிக்கும்வரை இருக்க வேண்டும். வேளாண் காலத்தை ஏதோ பொற்காலம் போல எண்ணிவிடக் கூடாது. அந்த இளைப்பாறும் மாதங்கள் எல்லோருக்கும் இருக்கவில்லை.

ஊழியமும் ஞாயிற்றுக்கிழமையும்

திருவிதாங்கூர் அரசு தாழ்த்தி வைக்கப்பட்டிருந்த சாதியினரிடம் கூலியில்லாமல் வேலை வாங்கியது. இதற்கு ஊழியம் என்று பெயர். சுமை தூக்குவது, அரண்மனைக்கும் ஊட்டுப்புரைகளுக்கும் கோயில்களுக்கும் பொருள் கொண்டு சேர்ப்பது, விழாக் காலப் பணிகள் எல்லாம் இதில் அடங்கும். அழைத்தபோது போக வேண்டும். சொந்த வேலை கெட்டாலும் கேட்பாரில்லை. வயல்களில் உழைத்த புலையர், பறையர் போன்றோர் இன்னும் கீழான நிலையில், வாங்கவும் விற்கவும்படும் அடிமைகளாக இருந்தனர். அடிமை முறையை ஒழிக்கும் அரசாணை 1855இல்தான் வந்தது.

கர்னல் மன்றோ ஆங்கிலேய ரெசிடென்டாக இருந்த 1810களில் கிறித்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து விலக்குக் கிடைத்தது. சுசீந்திரத்துக்கு அருகிலுள்ள மயிலாடியில் ரிங்கல்தௌபே தொடங்கிய சீர்திருத்தச் சபை அப்போது வளர்ந்துகொண்டிருந்தது. வாரத்தில் ஒரு நாளை யாரும் பிடுங்க முடியாது என்ற உறுதி இப்பகுதியின் ஏழை மக்களில் ஒரு பிரிவினருக்கு முதலில் கிடைத்தது இப்படித்தான். பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகாண்டே போராடி ஞாயிறு விடுமுறையைப் பெற்றது 1890இல். அதற்கு எழுபது ஆண்டுக்கு முந்தைய செய்தி இது. ஆனால் இந்த விலக்கு சமயத்தை வைத்துக் கொடுக்கப்பட்டது. சமயம் மாறாதவர்களுக்கு வாரம் ஏழு நாளும் ஒன்றாகவே இருந்தது. அவர்கள் நடுவிலிருந்து, சாமித்தோப்பில் எழுந்தவர் அய்யா வைகுண்டர் (1809–1851). ஊழியத்தையும் வரிக் கொடுமையையும் அவர் வெளிப்படையாகக் கண்டித்தார்; சிறையிலும் அடைக்கப்பட்டார்.

விழாவும் எல்லோருக்கும் ஓய்வாக இருக்கவில்லை. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமை கேட்டுச் சுசீந்திரத்தில் 1926இல் சத்தியாக்கிரகம் நடந்தது. திருவிதாங்கூரில் அரசுக் கோயில்களின் கதவு எல்லா இந்துக்களுக்கும் திறந்தது 1936 நவம்பர் 12ஆம் நாள் ஆலயப் பிரவேச அறிவிப்பால். அதுவரை தேரோட்டத்தைத் தெருவில் நின்று பார்க்கும் வாய்ப்பே பலருக்கு மறுக்கப்பட்டிருந்தது. ஓய்வு என்றதும் நேரத்தை மட்டும் நினைக்கிறோம். அந்த நேரத்தில் போய் நிற்க ஓர் இடமும் வேண்டும்.

எட்டு மணிநேரம் வந்த வழி

கடிகார வேலைக்கு எதிரான சட்டக் காப்பு மெல்ல மெல்லத்தான் வந்தது. இந்தியாவின் 1922ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 60 மணி என்றது. 1934இல் அது 54 ஆனது. வைசிராயின் நிர்வாகக் குழுவில் அம்பேத்கர் தொழிலாளர் துறையைக் கவனித்த காலத்தில் எட்டு மணிநேர வேலை நாளுக்கான முயற்சி வலுப்பெற்று, 1946 திருத்தத்தால் வாரம் 48 மணி ஆனது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் அந்த 48ஐ உறுதிசெய்தது. நாளொன்றுக்கு 9 மணி, தொடர்ந்து 5 மணிக்கு மேல் வேலை வாங்கினால் இடையில் அரை மணி ஓய்வு, வாரம் ஒரு நாள் விடுப்பு, மிகை நேரத்துக்கு இரட்டைக் கூலி ஆகியவற்றையும் விதித்தது.

தமிழ்நாட்டின் பங்கு இதில் பெரிது. 1918 ஏப்ரலில் பி. பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், இராமாஞ்சலு நாயுடு ஆகியோர் முயற்சியில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பெரம்பூர் பகுதி ஆலைத் தொழிலாளர்களின் முதன்மையான குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது. சோற்றை விழுங்கிவிட்டு ஓட வேண்டியிருந்தது. 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடினார்.

ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து, 2023 ஏப்ரல் 21 அன்று, தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா நிறைவேறியது. வார அளவு 48 மணி அப்படியே இருக்க, விரும்பும் தொழிலகங்கள் நாளொன்றுக்கு 12 மணி வரை வேலை நேரத்தை அமைத்துக்கொள்ள அது வழிசெய்தது. நான்கு நாள் வேலை, மூன்று நாள் விடுப்பு என்பது ஆதரித்தவர்களின் கணக்கு. கணக்கில் பிழை இல்லை. ஆனால் பன்னிரண்டு மணி வேலை, போக்குவரத்துக்கு இரண்டு மணி என்றால், உறக்கம் போக ஒரு நாளில் என்ன மிஞ்சும் என்று தொழிற்சங்கங்கள் கேட்டன. ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. மூன்றாம் நாள் மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது. மே 1 அன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் அறிவித்தார்.

அமெரிக்காவின் வழி

மே நாளின் பிறப்பிடமே அமெரிக்கா. எட்டு மணிநேர வேலை கேட்டு 1886 மே மாதம் சிகாகோவில் நடந்த போராட்டமும் அதில் சிந்திய இரத்தமும்தான் அந்த நாளுக்குக் காரணம். 1926இல் ஃபோர்டு நிறுவனம் தன் தொழிலாளர்களுக்கு ஐந்து நாள் வாரத்தைக் கொண்டுவந்தது. 1938ஆம் ஆண்டின் நியாயமான உழைப்புத் தரச் சட்டத்தால் 1940 முதல் வாரம் 40 மணி என்பது அளவாயிற்று. பொருளியலாளர் கெய்ன்ஸ் 1930இல், இன்னும் நூறு ஆண்டில் வாரம் 15 மணி உழைத்தால் போதும் என்ற நிலை வரும் என்று கணித்தார். அந்த நூறாவது ஆண்டு 2030.

கணிப்பு பலிக்கவில்லை. அமெரிக்கச் சட்டத்தைக் கூர்ந்து பார்த்தால் ஒரு காரணம் தெரியும். அது பெரியவர்களின் வேலை நேரத்துக்கு உச்சவரம்பு வைக்கவில்லை. 40 மணியைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு கூலி என்று மட்டுமே சொல்கிறது. மாதச் சம்பளம் பெறும் நிர்வாக, தொழில்முறைப் பணியாளர்களில் பெரும்பகுதியினருக்கு அதுவும் இல்லை. ஊதியத்துடன் கூடிய ஆண்டு விடுப்பைத் தனியார் நிறுவனங்கள் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கூட்டாட்சிச் சட்டமும் அங்கே இல்லை. ஜெர்மனியில் உழைப்பவர் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,340 மணி வேலை செய்கிறார். அமெரிக்கர் ஏறத்தாழ 1,800 மணி. இன்னொரு காரணம் மனப்பாங்கு. 1899இல் வெப்லன் எழுதியபோது உழைக்காமல் இருப்பது பணக்காரரின் அடையாளமாக இருந்தது. இன்று ‘நேரமே இல்லை’ என்று சொல்வது உயர்ந்த பதவியின் அடையாளம்.

அந்த மனப்பாங்கு கடல் தாண்டி வந்துவிட்டது. இளைஞர்கள் வாரம் 70 மணி உழைக்க வேண்டும் என்று இன்ஃபோசிஸ் நிறுவனர் நாராயண மூர்த்தி 2023இல் சொன்னார். எல் அண்ட் டி தலைவர் எஸ். என். சுப்பிரமணியன் 90 மணிநேரத்தையும் ஞாயிற்றுக்கிழமையையும் பற்றிப் பேசியது 2025 ஜனவரியில் பெரிய விவாதமானது. இதற்கு உடலின் பதில் வேறு. உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 55 மணி அல்லது அதற்கு மேல் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 விழுக்காடும், இதயநோயால் இறக்கும் ஆபத்து 17 விழுக்காடும் அதிகம். 2016ஆம் ஆண்டில் மட்டும் நீண்ட நேர உழைப்போடு தொடர்புடைய இறப்புகள் உலக அளவில் 7,45,000 என்று அது மதிப்பிட்டது.

சென்னையிலும் பெங்களூரிலும் அமெரிக்க நிறுவனங்களுக்காக வேலை செய்யும் நாஞ்சில் நாட்டுப் பிள்ளைகளுக்கு இது வெறும் செய்தி அன்று. நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் குளிர்காலத்தில் இங்கே இரவு 7.30, கோடையில் மாலை 6.30. மார்ச்சிலும் நவம்பரிலும் அமெரிக்கர்கள் தங்கள் கடிகாரத்தைத் திருப்பும்போது, இங்கே இரவுப் பணியில் இருப்பவரின் சாப்பாடும் தூக்கமும் ஒரு மணிநேரம் நகர்கின்றன. கன்னிப்பூவும் கும்பப்பூவும் பார்த்து வளர்ந்த குடும்பங்களில் இப்போது யாரோ ஓர் ஊரின் கோடையும் குளிரும் நேரத்தைத் தீர்மானிக்கின்றன.

நாற்காலியும் அடுக்களையும்

வேலை நேரத்துக்குள்ளேயே ஓய்வு மறுக்கப்படுவதும் உண்டு. ஜவுளிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் நாள் முழுக்க நின்றபடி விற்கும் பெண்களுக்காக, 2021 செப்டம்பரில் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ பிரிவு சேர்க்கப்பட்டது. பணியாளர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்பதே அது. கேரளம் 2018இல் இதைச் செய்திருந்தது. தென்மாவட்டங்களிலிருந்து சென்னைக் கடைகளுக்குப் போகும் பிள்ளைகளின் நிலையை 2010இல் வெளியான ‘அங்காடித் தெரு’ திரைப்படம் பலருக்கும் காட்டியிருந்தது. கடைக்குப் போகும்போது நாற்காலி இருக்கிறதா என்பதோடு, அதில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்றும் பார்க்கலாம்.

சட்டம் எட்டாத வேலை நேரம் வீட்டுக்குள் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வில், கூலியில்லா வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் அதற்குச் செலவிட்டனர். தேரோட்டத்தன்று உறவினர்கள் வந்து இறங்கும் வீடுகளில் இந்தக் கணக்கு எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஈடுசெய்யும் சனிக்கிழமையன்றும் அந்த வீட்டில் விடியும் முன்பே அடுப்பு எரியும்.

அந்த ஆய்வு நடந்த முறை எளிது. அதிகாலை 4 மணி முதல் மறுநாள் அதிகாலை 4 மணி வரை, ஒரு நாளை அரைமணித் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் ஒருவர் என்ன செய்தார் என்று கேட்டுக் குறித்தார்கள். மாணவர்கள் இதைத் தங்கள் வீட்டில் செய்துபார்க்கலாம். ஒரு தாளில் 48 கட்டங்கள் போதும். தனக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. அம்மாவின் தாளை நிரப்பும்போது ஒரே கட்டத்தில் இரண்டு மூன்று வேலைகளை எழுத வேண்டியிருக்கும்.