சங்கீதப் பிரசுரமும் சாகித்திய பாத்தியதையும்

சென்னைத் துறைமுகத்துக்கு வடக்கே, இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலுள்ள பிரதேசத்தை ஆலைகளுக்கும் கப்பல் சரக்குகளுக்கும் உரிய இடமென்றே நம்மவரிற் பலர் எண்ணி வருகின்றனர். அங்கே சங்கீதத்துக்கு என்ன வேலை என்று கேட்பாரும் உளர். ஆயினும், ஒரு குடும்பத்தார் தம் வீட்டுச் சாகித்தியங்களைத் தாமே அச்சேற்றிக் காப்பாற்றிய வரலாறு அப்பிரதேசத்துக்கு உண்டு. இன்று அதே இடத்தில் கானாப் பாடுவோர் தம் பாட்டைக் கைப்பேசியிலே பதிவு செய்து, பொழுது விடிவதற்குள் கடல் கடந்த தமிழர் செவிக்கும் எட்டச் செய்கின்றனர். பாட்டு வெளிவரும் வழி எளிதாகிவிட்டது. அதன் பாத்தியதை யாரிடம் நிற்கிறது என்ற கேள்வியோ முன்போலவே சிக்கலாயிருக்கிறது. இவ்விஷயத்தைச் சிறிது ஆராய்வது அவசியமென்று கருதுகிறோம்.

தியாகராஜ சுவாமிகள் திருவொற்றியூருக்கு எழுந்தருளித் திரிபுரசுந்தரியம்மன் மீது ஐந்து கீர்த்தனைகள் பாடியதைச் சங்கீத அபிமானிகள் அறிவர். அவருடைய சீடர் வீணை குப்பய்யர். குப்பய்யரின் குமாரர், குருவின் பெயரையே தாங்கிய திருவொற்றியூர்த் தியாகய்யர். இவர் தந்தையாரின் உருப்படிகளையும் தம்முடையவற்றையும் ஸ்வரப்படுத்தி, 1900-ல் ‘பல்லவி ஸ்வர கல்பவல்லி’ என்னும் நூலாக வெளியிட்டார். வாய்மொழியாகவே வித்தை வழங்கி வந்த காலத்தில், பாடினவர் மறைந்தால் பாட்டும் உடன் மறைவது சகஜம். ஒரு வீட்டோடு முடிந்துபோயிருக்கக் கூடிய செல்வம், அச்சேறியதால் நாட்டின் செல்வமாயிற்று. அத்துடன், சாகித்தியம், ஸ்வரம், செய்தவர் பெயர் ஆகிய மூன்றும் ஒரே ஏட்டில் சேர்ந்து நின்றன. சங்கீதப் பிரசுரத்தின் முதல் தர்மம் இதுவே.

அச்சுக்குப் பின் இசைத்தட்டு வந்தது. ஒரு சிறு குடும்பம் அச்சுக்கூலி கொடுத்து நூல் வெளியிடலாம். தட்டு அழுத்துவதற்கோ பெருமுதலும் யந்திர சாலையும் வேண்டும். அவை அந்நியக் கம்பெனிகளின் கையில் இருந்தன. பிரிட்டிஷ் கிராமபோன் கம்பெனி 1908-லேயே கல்கத்தாவில் தொழிற்சாலை நிறுவிவிட்டது. நம்மவர் பாடினர், நம்மவரே விலை கொடுத்து வாங்கினர், இடையில் நின்ற லாபத்தின் பெரும்பகுதி கடல் கடந்து சென்றது. இந்நிலையில் தமிழ் வியாபாரி ஒருவர் அத்துறையில் நுழைந்து நிலைத்ததை நாம் கவனிக்க வேண்டும்.

காரைக்குடியில் ஆவிச்சி செட்டியார் என்பவர் ‘ஏவி அண்ட் சன்ஸ்’ என்னும் பலசரக்குக் கடை நடத்தி வந்தார். அக்கடையில் கிராமபோன் தட்டுகளும் விற்கப்பட்டன. 1907-ல் பிறந்த அவர் குமாரர் மெய்யப்பன் இளம் பிராயத்திலேயே கடையில் அமர்ந்தார். பிறர் செய்த தட்டை விற்பதைவிடத் தாமே பாட்டைத் தேர்ந்து தட்டாக்கி வெளியிடலாகாதா என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. நண்பர் சிலரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு 1932-ல் சென்னையில் ‘சரஸ்வதி ஸ்டோர்ஸ்’ என்னும் ஸ்தாபனத்தைத் தொடங்கினார். ‘ஓடியன்’ என்னும் ஜெர்மன் கம்பெனியின் தட்டுகளுக்குத் தென்னாட்டில் அதுவே நிலையமாயிற்று.

அத்தொழிலின் சிரமத்தை இக்காலத்தார் நினைத்துப் பார்ப்பது நல்லது. இங்கே மெழுகில் பதிவு செய்து, அம்மெழுகை ஜெர்மனிக்கு அனுப்பி, அங்கே அழுத்திய தட்டுகளை மறுபடியும் கப்பலில் வரவழைக்க வேண்டும். பக்கத்துக்குச் சுமார் 3 நிமிஷமே கொள்ளும். ஆகவே பல்லவியும் சரணமும் அந்த அளவுக்குள் அடங்க வேண்டும். எந்தப் பாட்டு விலைபோகும் என்பதை மாதக்கணக்கில் முன்னதாகவே ஊகித்துப் பணத்தை முடக்க வேண்டும். ஊகம் தவறினால் பெட்டி பெட்டியாகத் தட்டுகள் தேங்கும். கடைப் பலகையின் முன் நின்று ஜனங்கள் எதைக் கேட்கிறார்கள் என்பதைச் சிறு வயது முதல் கண்டவருக்கே இந்த ஊகம் கைவரும். குடும்ப வியாபாரத்துக்கு உள்ள பெரிய பலம் இந்த அனுபவமே என்பது நம் அபிப்பிராயம்.

தட்டிலிருந்து சினிமாவுக்கு அக்குடும்பம் சென்ற வழியும் நேர்வழியாக அமைந்துவிடவில்லை. 1935-ல் வெளிவந்த ‘அல்லி அர்ஜுனா’ தோல்வியுற்றது. 1938-ல் ‘நந்தகுமார்’ படத்தில், நடிப்பவர் ஒருவராகவும் பாடுபவர் வேறொருவராகவும் இருக்கும் முறை தமிழில் முதன்முதலாகக் கையாளப்பட்டது. குரலை உருவத்தினின்று பிரித்து விற்றுப் பழகிய தட்டு வியாபாரிக்கு அந்த யோசனை தோன்றியதில் வியப்பில்லை. பின்னர் யுத்தம் மூண்டு ஜெர்மன் சரக்கு நின்றது. அதற்குள் அந்த ஸ்தாபனம் வேறு துறையில் வேரூன்றிவிட்டது. 1945-ல் ‘ஏவி.எம்.’ என்ற பெயருடன் அது புதுப்பிறவி எடுத்தது.

இங்கேதான் பாத்தியதை என்னும் பிரச்னை நம் முன் நிற்கிறது. பாரதியார் 1921-ல் காலமானார். அவர் மனைவியார் செல்லம்மாள், வறுமையிலும் மனந்தளராமல், ‘பாரதி ஆச்ரமம்’ என்ற பெயரில் 1922-ல் கவியின் பாடல்களை வெளியிட முன்வந்தார். அதுவும் ஒரு குடும்பப் பிரசுரமே. ஆனால் முதலும் வியாபாரப் பழக்கமும் இல்லாத அம்முயற்சி நீடிக்கவில்லை. 1928-ல் சென்னை சர்க்கார் அப்பாடல்களைப் பறிமுதல் செய்த கதையை நம் தொண்டர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நூலாக அச்சிடும் உரிமை ஒருவரிடமும், ஒலியாகப் பரப்பும் உரிமை மற்றொருவரிடமுமாகப் பிரிந்து போயின. பிந்தியது நகை வியாபாரம் செய்த சூரஜ்மல் கம்பெனியாரிடம் சென்றது. அவர்களிடமிருந்து அதனை விலைக்கு வாங்கியவர் மெய்யப்ப செட்டியார். 1947-ல் வெளிவந்த அவருடைய ‘நாம் இருவர்’ படத்தில் பாரதி பாடல்களை டி. கே. பட்டம்மாள் பாட, நாடெங்கும் அவை முழங்கின.

மறு வருஷம் டி. கே. எஸ். சகோதரர்கள் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாடலொன்றைச் சேர்த்தபோது வழக்கு நேர்ந்தது. சட்டப்படி பார்த்தால், விலை கொடுத்து வாங்கியவர் தம் உரிமையைக் கோரியதில் பிழை காண இயலாது. ஆயினும், நாட்டுக்காகப் பாடி வறுமையில் மாண்ட கவியின் வாக்கைப் பாட ஒரு தனி மனிதரிடம் அனுமதி பெறுவதா என்று ஜனங்கள் கொதித்தனர். டி. கே. சண்முகம், நாரண துரைக்கண்ணன் முதலியோர் கிளர்ச்சியை நடத்தினர். 1949-ல் சென்னை அரசாங்கம் பாரதி பாடல்களின் உரிமையை ஏற்றது. செட்டியார் தம் உரிமையைப் பிரதியாகப் பணம் ஒன்றும் பெறாமல் ஒப்படைத்தார். கவியின் குடும்பத்தாருக்கு அரசாங்கம் தொகை வழங்கியது. 1955-ல் அப்பாடல்கள் பொதுஜனங்களின் உடைமையாயின.

இந்த முடிவைக் கண்டு மகிழ்கிறோம். ஆனால் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். பாரதியாருக்காக நாடு எழுந்தது. காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் சாவு வீட்டிலும் தெருமுனையிலும் பாட்டுக் கட்டும் ஏழைப் பாடகனுக்காக எந்த நாடு எழப்போகிறது? அவன் பாட்டை ஒருவர் சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கி, எழுதியவன் பெயரையும் நீக்கி வெளியிட்டால் அவனுக்குத் துணை யார்? சட்டமே துணை. அச்சட்டம் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, பாட்டு எழுதியவருக்கும் மெட்டு அமைத்தவருக்கும் உள்ள உரிமை வேறு. ஒலிப்பதிவு செய்தவருக்குள்ள உரிமை வேறு. முன்னது அவர்கள் ஆயுட்காலமும் அதற்குப் பின் 60 வருஷமும் நிலைக்கும். அதனைப் பிறருக்கு மாற்றிக் கொடுப்பது எழுத்து மூலமாக, கையொப்பத்துடன் நிகழ வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று பத்திரத்தில் குறிக்காவிடின் 5 வருஷத்துக்கே செல்லும். 2012-ல் செய்த திருத்தம் இன்னும் முக்கியமானது. தம் உரிமையை விற்ற பின்னரும், பாட்டாசிரியரும் இசையமைத்தவரும் பின்வரும் ராயல்டியில் வாங்கியவரோடு சமபங்கு பெறுவர். படத்தோடு சேர்த்துத் திரையரங்கில் காட்டுவது ஒன்றே இதற்கு விலக்கு. அப்பங்கை வேண்டாமென்று எழுதி வாங்கினால் அவ்வெழுத்துச் செல்லாது.

இவ்வாறு பங்கு கொடுத்தால் முதல் போடுபவன் எப்படிப் பிழைப்பான் என்று கேட்கலாம். வருமானம் வந்தால்தான் பங்கு. வராவிடில் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை. மேலும் இன்று மெழுகை ஜெர்மனிக்கு அனுப்ப வேண்டியதில்லை. தட்டுகள் கிடங்கில் தேங்குவதுமில்லை. முதலின் பாரம் குறைந்த காலத்தில் பாடுபவன் பங்கு மட்டும் ஏன் குறைய வேண்டும்?

ஆகவே வடசென்னைப் பாடகர்களின் குடும்பங்கள் தாமே பிரசுரகர்த்தர்களாக வேண்டுமென்று வற்புறுத்துகிறோம். அண்ணன் எழுத, தம்பி தாளமிட, வீட்டிற் படித்த பெண் கணக்கு எழுதட்டும். பாட்டின் பெயர், எழுதியவர், மெட்டமைத்தவர், வாசித்தவர், பதிவு செய்த தேதி ஆகியவற்றைக் குறிக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் பெரியோர் வாக்கு. பாட்டை இனாமாகக் கொடுத்தாலும் எழுதிக் கொடுக்கட்டும்.

தேசத் தொண்டர்களுக்கும் இதில் வேலையுண்டு. 1918-ல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளரை ஒன்றுசேர்த்துச் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்டது இந்த வடசென்னையே. அன்று கூலிக்காக நடந்த வேலை இன்று பாட்டுக்காகவும் நடக்க வேண்டும். தொழிற்சங்கக் கட்டடங்களிலும் வாசகசாலைகளிலும் வாரத்தில் ஒரு மாலை, சட்டம் பயின்ற ஒருவர் அமர்ந்து, பாடகர் கொண்டுவரும் பத்திரங்களைத் தமிழில் படித்துப் பொருள் சொல்லட்டும். கையொப்பமிடுவதற்கு முன் அப்பொருளைக் கேட்டறியும் பாடகன், தன் பாட்டைத் தன் மக்களுக்கு விட்டுச் செல்வான்.