குழித்தட்டு இல்லாத நாற்று

பழனியிலிருந்து திண்டுக்கல் சாலையில் கிளம்பினால் சில கிலோமீட்டரில் ஆயக்குடி வந்துவிடும். ஊர்ப்பெயரைச் சொன்னதும் எல்லோருக்கும் கொய்யாதான் நினைவுக்கு வரும். அதே சாலையில் இன்னும் கிழக்கே ஒட்டன்சத்திரம் பக்கம் போனால் தக்காளி, மிளகாய், கத்தரி. இந்தத் தோட்டங்களுக்கு வேண்டிய நாற்றை முன்போல மேட்டுப்பாத்தியில் விதைத்து எடுக்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். நர்சரியில் முன்கூட்டியே சொல்லிவைத்து, தட்டுத் தட்டாக வாங்கி வந்து நடுகிறார்கள். ரெட்டியார்சத்திரத்தில் இந்திய–இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தில் அமைந்த காய்கறி மகத்துவ மையமும் குழித்தட்டு முறையில்தான் நாற்று வளர்க்கிறது.

அந்தத் தட்டைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். கறுப்பு பிளாஸ்டிக்கில் 98 குழிகள். எல்லாக் குழிகளையும் நிரப்ப ஏறத்தாழ 1.2 கிலோ தென்னைநார்க் கழிவு போதும். குழிக்கு ஒரு விதை. இருபத்தைந்து நாள் ஆன தக்காளி நாற்றை, குழியின் அடியை விரலால் அழுத்தி மெல்ல இழுத்தால் கூம்பு வடிவக் கட்டி ஒன்று உதிராமல் வெளியே வரும். அதன் மேலெல்லாம் வெள்ளை வேர்கள் பின்னிக்கிடக்கும். ஒரு வேர்கூட அறுவதில்லை. நட்ட மறுநாளே செடி நிமிர்ந்து நிற்கும். விவசாயிகள் இந்த முறைக்கு மாறியதற்கு இதுவே முக்கியக் காரணம்.

மண்ணில்லாமல், உரம் கரைத்த நீரில் செடி வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸ் முறையிலும் நாற்றுக்கு இதே போன்ற கட்டி ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். தென்னைநார் வில்லை, ஸ்பாஞ்சுத் துண்டு, ராக்வுல் எனப்படும் பாறை இழைக் கட்டி என்று பல வகை விற்கிறார்கள். மொட்டை மாடியில் புதிதாகத் தொடங்குபவர் முதலில் வாங்குவது அதைத்தான். அந்தக் கட்டி இல்லாமல் நாற்று எழாதா? எழும். கட்டி விதைக்குத் தேவைப்படுவதைவிட நம் கைக்குத்தான் அதிகம் தேவைப்படுகிறது. நாற்றைப் பிடிக்க, எண்ண, வண்டியில் ஏற்ற, வேர் அறாமல் இடம் மாற்ற அது உதவுகிறது.

விதைக்கு என்ன வேண்டும் என்று பார்ப்போம். ஈரம் பட்டதும் விதை நீரை உறிஞ்சி உப்புகிறது. உள்ளே உறங்கிக் கிடந்த நொதிகள் வேலையைத் தொடங்கி, சேமித்த மாவையும் கொழுப்பையும் புரதத்தையும் கரைக்கின்றன. இந்த எரிபொருளைப் பயன்படுத்த ஆக்சிஜன் வேண்டும். அதனால்தான் நீரில் முழுக மூழ்கிய விதைகள் பல அழுகிப்போகின்றன. பிறகு விதையுறை கிழிந்து முளைவேர் எட்டிப் பார்க்கிறது. வித்திலைகள் விரிந்து பச்சையாகும்வரை வெளியிலிருந்து உரம் எதுவும் தேவையில்லை, தாய்ச்செடி கட்டிக்கொடுத்த சோற்று மூட்டை போதும். ஆக ஈரம், காற்று, அளவான வெப்பம் மூன்றும் இருந்தால் முளைப்பு நடக்கும். நான்காவதாக, முளைத்தபின் நிமிர்ந்து நிற்க ஒரு பிடிமானம்.

நீரில் செடி வளர்க்கும் அறிவியலைத் தொடங்கிவைத்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. ஜெர்மனியின் ஜூலியஸ் வான் சாக்ஸ், 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில், எந்தெந்தத் தனிமங்கள் இருந்தால் செடி வளரும் என்று கண்டறிய முயன்றார். கழுவிய மரத்தூளில் விதையை முளைக்க வைத்து, வேரை அலசிச் சுத்தம் செய்து, துளையிட்ட தக்கையில் நாற்றைச் செருகி, வேர் மட்டும் கரைசலில் தொங்கும்படி விட்டார். வேரோடு வேறு எந்தப் பொருளும் ஒட்டியிருக்கக் கூடாது என்பது அவருடைய சோதனைக்கு இன்றியமையாத நிபந்தனை. கட்டி இல்லாத நாற்று என்பது ஹைட்ரோபோனிக்ஸின் பிறப்போடு வந்தது. தொழில்முறை வசதிக்காகக் கட்டி பின்னால் சேர்ந்தது.

நம் ஊர் நெல் விவசாயிக்கு இதில் எதுவும் புதுமையாகத் தோன்றாது. விதைநெல்லை ஒரு நாள் ஊறவைத்து, சாக்கில் கட்டி, மறுநாள் வரை மூட்டம் போட்டு முளைகட்டியபின்தான் நாற்றங்காலில் விதைக்கிறோம். நாற்றைப் பறிக்கும்போது வேரிலுள்ள சேற்றைத் தண்ணீரில் அலசி, முடி கட்டி, வெறும் வேரோடு வயலுக்கு எடுத்துப் போகிறோம். பிலிப்பைன்ஸில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். டபோக் என்ற நாற்றங்கால் முறையில் வாழை இலையையோ பிளாஸ்டிக் விரிப்பையோ பரப்பி, அதன் மேல் முளைகட்டிய நெல்லை நெருக்கமாகத் தூவி, நீர் தெளித்து, இரண்டு வாரத்துக்குள் நாற்று எடுப்பார்கள். மண்ணே கிடையாது. வேர்கள் ஒன்றோடொன்று பின்னிப் பாய் போலாகிவிடும். அப்படியே சுருட்டி எடுத்துப் போகலாம். நெருக்கமாக முளைத்த நாற்றுகளின் வேர்களே ஒன்றையொன்று தாங்கிக்கொள்கின்றன.

தென்னைநார்க் கழிவு இவ்வளவு எளிதாகக் கிடைக்கும் கொங்குப் பகுதியில் அதை ஏன் தவிர்க்க வேண்டும் என்று கேட்பது நியாயம். பாத்தியில் நடுவதற்கான நாற்றுக்குத் தவிர்க்க வேண்டியதில்லை. ஓடும் நீரில் வளரும் செடிக்குத்தான் சிக்கல். நார்த்தூள் உதிர்ந்து குழாயிலும் மோட்டாரிலும் அடைக்கிறது, நீரைப் பழுப்பாக்குகிறது. சரியாகக் கழுவாத கழிவில் சோடியமும் பொட்டாசியமும் மிகுதியாக இருக்கும். கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து அலசினால்தான் அந்த உப்பு ஒழுங்காக விலகும். ராக்வுல்லின் பிரச்சினை வேறு. பாறையை 1,500 டிகிரி வெப்பத்தில் உருக்கி இழையாக்கியது அது. அறுவடைக்குப் பின் மட்கவே மட்காது. ஒவ்வொரு கீரைச் செடிக்கும் மட்காத குப்பைத் துண்டு ஒன்றை மலையடிவார மண்ணில் சேர்ப்பது எனக்கு ஒப்பவில்லை.

சரி, செய்முறைக்கு வருவோம். பழைய பருத்தித் துணியை நனைத்து நன்றாகப் பிழியுங்கள், சொட்டக் கூடாது. விதைகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, துணியை மடித்து, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். பயறு முளைகட்டத் தெரிந்த வீட்டில் இதற்குமேல் சொல்லத் தேவையில்லை. தண்டுக்கீரையும் வெந்தயமும் இரண்டு மூன்று நாளில் முளைவிடும். தக்காளிக்கும் மிளகாய்க்கும் கூடுதல் நாள் ஆகும். ஆனால் சமையலுக்கு முளைகட்டுவதற்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு: சரியான நேரத்தில் எடுத்துவிட வேண்டும். முளைவேரைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தால், நுனிக்குச் சற்று மேலே வெண்பஞ்சு படர்ந்தது போலிருக்கும். பூஞ்சாணம் என்று பயந்து பலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அவை வேர்த்தூவிகள். ஒவ்வொன்றும் ஒரே செல்லின் நீட்சி. நீரை உறிஞ்சும் வேலையில் பெரும்பகுதி அவற்றுடையது. பூஞ்சாணமாக இருந்தால் விதையின் மேலும் துணியின் மேலும் கண்டபடி படரும், புழுங்கிய வாடை வரும். தூவிகள் துணியின் இழைகளைப் பற்றிக்கொண்டால் பிரிக்கும்போது அறுந்துவிடும். எனவே முளைவேர் ஒரு சென்டிமீட்டரைத் தொடும்போதே மாற்றிவிட வேண்டும். தூக்கும்போது விதையுறையையோ வித்திலையையோ பிடியுங்கள், தண்டைப் பிடிக்காதீர்கள். இலை ஒன்று போனால் செடி இன்னொன்று விடும்; தண்டு நசுங்கினால் நாற்று போயிற்று.

அடுத்தது பிடிமானம். சிறுவிதைக் கீரைகளுக்கு, காய்கறி அலசும் பிளாஸ்டிக் கூடையைப் பாத்திரத்தின் மேல் வைத்து, கூடையின் அடியை நீர் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி நிரப்பினால் போதும். வேர் தானாகவே கண்ணிகள் வழியே இறங்கும். தக்காளி, கத்தரி போன்றவற்றுக்கு, பொருள் பொதிந்து வரும் மெத்தென்ற வெள்ளை ஃபோம் தாளில் விரலகலத் துண்டு வெட்டி, தண்டைச் சுற்றித் தளர்வாக மடித்து, நீர்ப்பாத்திரத்தின் மூடியில் இட்ட துளையில் செருகலாம். அந்த ஃபோம் நீரை உறிஞ்சாது. சாக்ஸின் தக்கை செய்த வேலையை அது செய்கிறது. நெட் கப் எனப்படும் துளைகளுள்ள சிறு கிண்ணத்தில் கழுவிய கூழாங்கல் நிரப்பி வைப்பதும் நல்ல வழிதான். வித்திலை விரியும்வரை வெறும் நீர். முதல் உண்மையான இலை தெரிந்ததும் வழக்கமான உரக் கரைசலில் கால் பங்கு வலிமை. வேர் முழுவதையும் நீருக்குள் அமிழ்த்திவிடாதீர்கள். மேல்பகுதி ஈரக் காற்றில் இருக்கட்டும். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் அது 7.5 ஆகக் குறைந்துவிடும். நம் வெயிலில் அந்தக் காற்றிடைவெளிதான் வேருக்கு மூச்சு.

வெப்பத்தைப் பற்றிக் கூடுதலாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஹைட்ரோபோனிக்ஸ் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் ஆசைப்படுவது லெட்யூஸ் என்ற சாலட் கீரைக்கு. ஆயக்குடி கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டரை ஒட்டிய உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் 2,100 மீட்டர் அளவில். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குளிரும் என்பதால், இரண்டு ஊருக்கும் பத்துப் பன்னிரண்டு டிகிரி வித்தியாசம். லெட்யூஸ் விதையின் குணம் இந்த இடைவெளியில்தான் மாறுகிறது. 20 டிகிரியில் இரண்டு மூன்று நாளில் முளைக்கும் அதே விதை, 30 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலும் உறங்கப் போய்விடும். விதை கெட்டுவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். ஈரத்துணியில் மடித்த விதையை ஒன்றிரண்டு நாள் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தெடுத்தால் உறக்கம் கலையும். ஃபிரிட்ஜ் இல்லாத இடத்தில் டப்பாவை நிழலிலுள்ள மண்பானையின் ஈர மணலில் புதைத்து வைக்கலாம்.

லெட்யூஸுக்கு வெளிச்சமும் வேண்டும். 1952-இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வு மையத்தில் போர்த்விக், ஹென்ட்ரிக்ஸ் குழுவினர், கிராண்ட் ராப்பிட்ஸ் என்ற லெட்யூஸ் ரகத்தின் விதைகள் சிவப்பு ஒளியில் முளைப்பதையும், தொலைச்சிவப்பு ஒளி அதைத் தடுப்பதையும் காட்டினார்கள். தாவரங்கள் ஒளியை உணர உதவும் ஃபைட்டோகுரோம் என்ற நிறமியைக் கண்டுபிடிக்க அந்த விதைகள்தான் வழிகாட்டின. ஆகவே குளிரிலிருந்து எடுத்தபின் லெட்யூஸைக் கனமான துணிக்குள் புதைக்காமல், ஈரத்துணியின் மேல் பரப்பி, வெளிச்சம் புகும் டப்பாவில் மூடுங்கள்.

துணியிலிருந்து ஒவ்வொன்றாக மாற்றும் பொறுமை இல்லாதவர்களுக்கு மணல் இருக்கிறது. தட்டில் பரப்பிய, கழுவிய ஆற்றுமணலில் விதைத்து, இரண்டு இலை விட்டதும் தட்டோடு நீரில் மூழ்கவிட்டு அசைத்தால் மணல் தானே உதிரும். தக்காளி, மிளகாய், கத்தரி, முட்டைக்கோஸ் இந்த அலசலைத் தாங்கும். வெள்ளரி, பூசணி, பீன்ஸ் வகைகளுக்கு வேரைத் தொட்டால் ஆகாது. அவற்றை முளைத்த அன்றே நிலையான இடத்தில் வைத்துவிட வேண்டும்.

விதையே வேண்டாத வழியும் உண்டு. தொடக்கக்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். பொன்னாங்கண்ணி, புதினா இரண்டின் தண்டிலும் கணுக்களில் வேர்விடும் திறன் இயல்பாகவே இருக்கிறது. சந்தையில் வாங்கிய கட்டிலிருந்து நல்ல தண்டாக நான்கு எடுத்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, ஒரு கணு நீருக்குள் இருக்கும்படி வைத்தால் ஒரு வாரத்தில் வேர் தெரியும். நீரிலேயே பிறந்த வேர் என்பதால் இடமாற்ற அதிர்ச்சி கிடையாது. கொய்யாவில் பதியன் போட்டுக் கன்றெடுக்கும் ஊர்க்காரர்களுக்கு, தண்டிலிருந்து வேர் வரும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, நாற்றழுகல். பித்தியம் என்ற நுண்ணுயிரி நீரிலேயே நீந்திப் பரவும். பாத்தியில் ஒரு மூலையோடு நிற்கும் நோய், பொதுத் தொட்டியில் ஒரே இரவில் எல்லா வேருக்கும் போய்விடும். முளைத்த நாற்றுகளைத் தனித்தனிச் சிறு பாத்திரங்களில் சில நாள் வைத்துப் பார்த்து, வேர் வெள்ளையாக இருப்பதை மட்டும் தொட்டிக்கு மாற்றுங்கள். இரண்டு, கொசு. திறந்து கிடக்கும் தெளிந்த நீர் டெங்குக் கொசுவுக்கு நாமே கட்டிக்கொடுக்கும் வீடு. துளைகளைத் தவிர எல்லா இடத்தையும் ஒளி புகாதபடி மூடுங்கள், பாசியும் பிடிக்காது.

வணிகமாகச் செய்ய நினைப்பவர்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. முளைவேரை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும் இந்த முறை நூறு செடிக்கு ஏற்றது. பத்தாயிரம் செடிக்குக் கூலி கட்டுபடியாகாது. ஏக்கர் கணக்கில் நடுபவருக்குக் குழித்தட்டே சரி. மண்ணில்லாத் தீவனம் வளர்ப்பதற்கு மட்டும் கட்டி எந்த அளவிலும் தேவைப்படுவதில்லை; முளைகட்டிய மக்காச்சோளத்தைத் தட்டில் பரப்பினால் எட்டு நாளில் பச்சைப் பாயாகிவிடும். ஒரு கிலோ விதை ஐந்தாறு கிலோ தீவனமாவது பார்க்க மகிழ்ச்சிதான், ஆனால் கூடிய எடை பெரும்பாலும் தண்ணீர். உலர்எடை கூடுவதில்லை, சற்றுக் குறையவே செய்யும். கறவை மாட்டுக்குக் கணக்குப் போடும்போது இதை மறந்துவிடக் கூடாது.

வீட்டுக்கு வேண்டிய கீரையை நீரில் வளர்க்க விரும்பும் ஆயக்குடிக்காரர் எந்தக் கட்டியும் வாங்காமல் இந்த வாரமே தொடங்கலாம். முதலில் பொன்னாங்கண்ணித் தண்டு, அது பிடித்ததும் தண்டுக்கீரை விதை, பிறகு தக்காளி. லெட்யூஸ் மட்டும் கார்த்திகை பிறக்கும்வரை காத்திருக்கட்டும்.