சிலந்தியை ஆட்டிவைக்கும் குளவி

குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. வீட்டுச் சுவரில் குளவி மண்கூடு கட்டுகிறது. எங்கிருந்தோ ஒரு புழுவைத் தூக்கி வந்து உள்ளே வைத்துக் கூட்டின் வாயை அடைக்கிறது. சில வாரங்கள் கழித்துக் கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வருவது புழு அன்று, ஒரு புதிய குளவி! கொட்டிக் கொட்டியே புழுவைத் தன் உருவாக மாற்றிவிட்டது என்று பெரியவர்கள் எண்ணியதில் வியப்பில்லை. தொடக்கத்தையும் முடிவையும் மட்டுமே அவர்கள் கண்டார்கள். இடையில் நடந்ததை மண்சுவர் மறைத்துவிட்டது.

எங்கள் கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஓர் அலமாரியின் பின்புறம் இருந்த மண்கூட்டை ஒரு மாணவர் ஒருமுறை பெயர்த்தெடுத்தார். உள்ளே சிறு சிலந்திகள் அடுக்கி வைத்தாற்போல் கிடந்தன. தொட்டபோது ஒன்றிரண்டின் கால்கள் மெல்ல அசைந்தன. அவை சாகவில்லை, செயலிழந்து கிடந்தன. தன் புழுவுக்கு அழுகாத உணவு வேண்டும் என்று தாய்க்குளவி கொட்டிச் சேமித்த இரைகள் அவை. சில வகைக் குளவிகள் புழுக்களைச் சேமிக்கின்றன, வேறு சில சிலந்திகளைச் சேமிக்கின்றன. நம் ஊரில் சிலந்தி சேமிக்கும் குளவி ஒன்றின் அறிவியற்பெயர் 'செலிஃப்ரான் மதராஸ்படானம்'. சென்னையின் பழைய பெயரைத் தாங்கிய அந்த இனப்பெயரை 1781-இல் சூட்டியவர் ஃபாப்ரீசியஸ்.

இந்தக் குளவிக்குச் சிலந்தி வெறும் உணவு. சிலந்தியை முதலில் வேலை வாங்கிவிட்டுப் பிறகு உண்ணும் குளவியும் உலகில் உண்டு. அதன் கதையைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

முதுகில் ஏறிய எமன்

மத்திய அமெரிக்காவில் உள்ள சிறிய நாடு கோஸ்டாரிகா. அங்கே சக்கர வடிவில் வலை பின்னும் சிலந்தி ஒன்று உண்டு. அதன் இனப்பெயர் 'ஆர்கிரா'. வலையின் நடுவில் தலைகீழாகத் தொங்கியபடி அது இரைக்காகக் காத்திருக்கும். அப்போது ஒரு மெல்லிய குளவி பாய்ந்து அதன் வாய்ப்பகுதியில் கொட்டுகிறது. பத்துப் பதினைந்து நிமிடங்கள் சிலந்திக்கு அசைவே இல்லை. அதற்குள் குளவி, சிலந்தியின் வயிற்றின்மேல் ஒரு முட்டையை ஒட்டிவிட்டுப் பறந்துவிடுகிறது.

சிலந்தி மயக்கம் தெளிந்து எழுகிறது. ஒன்றுமே நடவாததுபோல் வலை பின்னுகிறது, பூச்சி பிடிக்கிறது, உண்கிறது. முட்டையிலிருந்து வந்த புழுவோ அதன் மேலேயே ஒட்டிக்கொண்டு, சிறு துளைகள் இட்டு, உடல்நீரை உறிஞ்சி வளர்கிறது. ஒன்றிரண்டு வாரங்கள் இப்படியே கழிகின்றன. தன்னைத் தாங்கும் ஓம்புயிரைக் கொல்லாமல் காலம் தள்ளுவது சாதாரண ஒட்டுண்ணி. இதுவோ முடிவில் கொன்றே தீரும் ஒட்டுண்ணி.

கடைசி இரவின் வலை

புழு முழு வளர்ச்சி பெற்று, சிலந்தியைக் கொல்ல இருக்கும் அந்த இரவில்தான் விந்தை நிகழ்கிறது. சிலந்தி வழக்கமான சக்கர வலையைக் கட்டுவதில்லை. சில தடித்த இழைகளை மட்டும் நடுவில் சந்திக்கும்படி இழுத்துக் கட்டுகிறது. வலை கட்டும் வேலையின் தொடக்கத்தில் வரும் ஓரிரு படிகளையே அது திரும்பத் திரும்பச் செய்கிறது. ஒட்டும் சுருள் இழை அதில் இல்லை. ஆகவே அதில் ஒரு கொசுகூடச் சிக்காது.

அப்படியானால் இந்த வலை யாருக்கு? வேலை முடிந்ததும் புழு தோலுரிக்கிறது, சிலந்தியைக் கொன்று சாற்றை உறிஞ்சிச் சக்கையை உதறிவிடுகிறது. அடுத்த மாலை அந்த இழைகளின் நடுவிலிருந்து தொங்குமாறு தன் கூட்டை நெய்துகொள்கிறது.

பொறியியல் நோக்கில் பாருங்கள். சக்கர வலை பூச்சி பிடிக்க ஏற்றது. ஆனால் எளிதில் கிழியும், சிலந்தி அதை அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். கூட்டுக்குள் புழு உறங்கும் நாள்களில் பழுது பார்க்கச் சிலந்தி உயிரோடு இராது. வெப்பமண்டல மழைக்கும் காற்றுக்கும் ஈடுகொடுத்து ஒரே ஒரு சுமையைத் தாங்க வேண்டும் என்றால், இழைகள் குறைவாகவும் வலுவாகவும் இருப்பதே நல்லது. தன் எமனுக்குத் தொட்டில் கட்டிக் கொடுத்துவிட்டுச் சிலந்தி சாகிறது!

கட்டளை இடுவது யார்?

இதை விளக்கியவர் வில்லியம் எபர்ஹார்டு. அவருடைய ஆய்வு 2000-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. மூன்று விடைகளை நாம் எண்ணிப் பார்க்கலாம். ஒன்று: சிலந்தி நலிந்துபோனதால் வலை அரைகுறையாக நின்றுவிட்டது. இரண்டு: புழு உடலைக் குத்தியோ அழுத்தியோ தூண்டுகிறது. மூன்று: புழு ஏதோ ஒரு வேதிப்பொருளைச் செலுத்துகிறது.

நலிவுதான் காரணம் என்றால் வலைகள் தாறுமாறாக இருக்க வேண்டும். ஆனால் அவை ஒரே திட்டப்படி அமைகின்றன. குத்துவது காரணம் என்றால் புழுவை எடுத்துவிட்டவுடன் விளைவும் நிற்க வேண்டும். எபர்ஹார்டு அந்தக் கடைசி நேரத்தில் புழுவை அகற்றிப் பார்த்தார். சிலந்தி அன்றிரவும் தொட்டில் வலையையே கட்டியது. சில சிலந்திகள் மறுநாள் இரவும் அதையே கட்டின. பின்னர் சில மெல்ல மெல்லப் பழைய வலைக்குத் திரும்பின. மருந்தின் வேகம் தணிவதுபோல் இருக்கிறதல்லவா? ஆகவே வேதிப்பொருள் என்ற விடையே பொருந்துகிறது.

அது என்ன பொருள்? இங்கே வேறு இனங்களில் நடந்த இரு ஆய்வுகள் உதவுகின்றன. இவ்வகைக் குளவி ஒன்றால் தாக்கப்பட்ட சிலந்தி கட்டும் வலை, அந்தச் சிலந்தி தோலுரிக்கும் முன் தங்குவதற்காகத் தானே கட்டும் ஓய்வு வலையை ஒத்திருப்பதை ஜப்பானியர் 2015-இல் காட்டினர். தோலுரிப்பைத் தூண்டும் எக்டைசோன் வகை ஹார்மோன், மாற்று வலை கட்டும் சிலந்திகளின் உடலில் மிகுந்திருப்பதைப் பிரேசில் ஆய்வாளர்கள் 2017-இல் கண்டனர். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கருத்து உருவாகிறது. புழு சிலந்திக்குப் புதிய தொழில் எதையும் கற்பிக்கவில்லை. சிலந்தியிடம் ஏற்கெனவே உள்ள ஒரு பொத்தானை வேளையல்லாத வேளையில் அழுத்துகிறது.

பெயர் சூட்டும் முறை

இந்த நடத்தை வெளியான அதே 2000-ஆம் ஆண்டில்தான் இந்தக் குளவிக்குப் பெயரும் கிடைத்தது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த இயன் கால்ட் அதற்கு 'ஹைமெனோஎபிமெசிஸ் ஆர்கிராஃபேகா' என்று பெயரிட்டார். முதற்சொல் பேரினத்தைக் குறிக்கும். இரண்டாவது சொல்லுக்கு 'ஆர்கிராவைத் தின்பது' என்று பொருள். உண்பவனின் பெயரிலேயே உணவின் பெயரும் சேர்ந்துவிட்டது!

புதிய இனம் என்று அறிவிக்க, புதிதாக ஒன்றைப் பார்த்தேன் என்றால் போதாது. இறக்கை நரம்புகள், உடலின் நிறம், மயிர்கள், முட்டையிடும் குழலின் நீளம் முதலியவற்றை அளந்து, பெயர் பெற்ற உறவினங்களோடு ஒப்பிட்டு, வேறுபாட்டை எழுதி வெளியிட வேண்டும். முக்கியமாக, ஒரு தனி மாதிரியைத் தேர்ந்து 'மூலமாதிரி' என்று அறிவித்து, அது எந்தக் காப்பகத்தில் இருக்கும் என்றும் சொல்ல வேண்டும். இது 2000 முதல் கட்டாய விதி.

இயற்பியல் மாணவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பாரிசு நகரருகே வைக்கப்பட்டிருந்த ஓர் உலோக உருளைதான் 2019 வரை உலகின் கிலோகிராம். ஐயம் வந்தால் அதனோடு ஒப்பிட வேண்டும். மூலமாதிரியும் அத்தகைய படிக்கல்தான். கிலோகிராமை இப்போது பிளாங்க் மாறிலியைக் கொண்டு வரையறுத்துவிட்டோம். குளவிக்கு அப்படி ஒரு மாறிலி கிடையாது. ஊசியில் குத்திய அந்த ஒற்றை உடலே சான்று.

பெயரில்லாதவை எத்தனை?

இந்தக் குளவி இக்னியூமோன் குடும்பத்தைச் சேர்ந்தது. உயிருள்ள புழுக்களை உள்ளிருந்தே தின்னும் இக்குடும்பத்தை அன்புள்ள ஓர் இறைவன் திட்டமிட்டுப் படைத்திருப்பார் என்று தம்மால் நம்ப முடியவில்லை என டார்வின் 1860-இல் நண்பர் ஆசா கிரேக்கு எழுதினார். அதனால் 'டார்வின் குளவிகள்' என்ற பெயரை 2019-இல் அறிஞர் சிலர் முன்மொழிந்தனர். இக்குடும்பத்தில் இதுவரை பெயர் பெற்றவை சுமார் 25,000 இனங்கள். மொத்தம் 60,000 முதல் ஒரு லட்சம் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். பெரும்பகுதிக்கு இன்னும் பெயரே இல்லை.

காடு அழிந்தால் சிலந்தி அழியும்; அந்தச் சிலந்தியையே நம்பியிருக்கும் குளவியும் அழியும். பெயரில்லாத ஒன்று அழிந்தால் இழப்பைக் குறித்து வைக்கக்கூட வழியில்லை. அது கண்டுபிடித்து வைத்திருந்த ஏதோ ஒரு வேதிப்பொருளும் அதோடு போய்விடும்.

அடுத்த முறை உங்கள் சன்னலோரம் குளவி கட்டுவதைப் பார்த்தால் உடனே விரட்டாதீர்கள். அது எதைத் தூக்கி வருகிறது, எத்தனை முறை வருகிறது, எத்தனை நாளில் கூடு துளைபடுகிறது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். பழைய பேச்சு பொய்யானது யாரோ ஒருவர் இடையில் கூட்டைத் திறந்து பார்த்ததால்தான்.