பழைய கணனியும் தொலைபேசிக் கம்பியும்: செலவழிக்கும் முன் அறிய வேண்டியவை

கடந்த மாரி தொடங்கு முன்னர் ஒரு தாயார் தமது மகனுடன் எமது நிலையத்திற்கு வந்தார். முச்சக்கர வண்டியின் பின்னாசனத்தில் சாக்கினால் சுற்றிய ஒரு பெட்டி. அதனுள்ளே பழைய கணனியொன்று. 2002ஆம் ஆண்டில் ஏ9 வீதி திறக்கப்பட்ட பின்னர், வெளிநாட்டிலிருந்து வந்த தமையனார் வாங்கிக் கொடுத்தது. அதன் பின் அக்குடும்பம் இரண்டு தடவை இடம்பெயர்ந்தது. வீடும் தளபாடங்களும் போயின. உறவினர் வீட்டில் விட்டு வந்த கணனி மட்டும் தப்பியது.

"பாதர், இதுக்குள்ளை மொடெம் இருக்கெண்டு தம்பி சொல்லுறான். ரெலிபோன் வயரைக் குடுத்தால் இன்ரநெற் வருமோ? கடையிலை திருத்தித் தர இருபத்தையாயிரம் கேக்கினம்" என்றார் அவர். அந்தக் காசு விதைநெல்லுக்கென்று வைத்திருந்த காசு.

இத்தகைய கேள்வியை வேறு சிலரும் எம்மிடம் கேட்டுள்ளனர். ஆகவே, தொலைபேசிக் கம்பி வழியாக இணையம் எவ்வாறு வந்தது, அதற்காக வீட்டுக் கணனி எவ்வாறு ஆயத்தம் செய்யப்பட்டது, இன்று அவ்வழி ஏன் பயன்படாது, பழைய கணனியை என்ன செய்யலாம் என்பவற்றை இங்கே ஒழுங்காகப் பார்ப்போம்.

கம்பியிலே சென்றது என்ன?

கணனி அறிந்தவை ஒன்று, பூச்சியம் என்னும் இரண்டு குறிகளே. ஒரு குறியைப் பிற்று என்பர். எட்டுப் பிற்றுகள் சேர்ந்தால் ஒரு பைற்று. ஆனால் தொலைபேசிக் கம்பியோ மனிதக் குரலுக்காகப் போடப்பட்டது. செக்கனுக்கு ஏறக்குறைய 300 தொடக்கம் 3,400 வரையான அதிர்வுகளைக் கொண்ட ஒலிகளையே அது நன்றாகக் கொண்டு செல்லும். கணனியின் குறிகளை ஒலியாக மாற்றிக் கம்பியில் விடவும், மறுமுனையிலிருந்து வரும் ஒலியை மீண்டும் குறிகளாக மாற்றவும் ஒரு கருவி தேவைப்பட்டது. அதுவே மொடெம்.

மொடெம்களின் வேகம் படிப்படியாகவே கூடியது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வந்த மொடெம் செக்கனுக்கு 300 பிற்றுகளை அனுப்பியது. 1994இல் 28,800 ஆகவும், 1998இல் 56,000 ஆகவும் சர்வதேச நியமங்கள் வகுக்கப்பட்டன. இந்த 56,000 என்பதும் எம்மை நோக்கி வரும் வழிக்கே உரியது. நாம் அனுப்பும் வழியில் 33,600 மட்டுமே. பழைய கம்பியும் ஈரம் பிடித்த மூட்டுகளும் உள்ள இடங்களில் அதிலும் குறைவாகவே கிடைத்தது.

இலங்கையிலே 1990ஆம் ஆண்டளவில் பல்கலைக்கழகத்தினர் மின்னஞ்சல்களைச் சேர்த்து வைத்து, தொலைபேசி அழைப்பெடுத்து மொத்தமாக அனுப்பும் முறையைத் தொடங்கினர். 1995இல் பொதுமக்களுக்கான வணிக இணையச் சேவை கொழும்பில் ஆரம்பமாயிற்று. அக்காலத்தில் வடக்கின் பெரும்பகுதியிலே தொலைபேசிக் கம்பியே இருக்கவில்லை. எனவே இம்முறை எம்மில் பலருக்குக் கேள்விப்பட்ட செய்தியாகவே கடந்து சென்றுவிட்டது.

அன்று இணைத்த முறை

முதலாவது, கணனி. 1995 ஓகஸ்ட் மாதம் வெளியான வின்டோஸ் 95 என்னும் பணிசெயல் முறைமை, 4 மெகாபைற்று நினைவகம் கொண்ட கணனியிலும் இயங்கும் என்று கூறப்பட்டது. தொலைபேசி வழியே இணைவதற்கான மென்பொருள் அதனுள்ளேயே இருந்தது. அதற்கு முந்திய வின்டோஸ் 3.1 இல் அது இல்லை. ஆகவே அவுஸ்திரேலியாவில் தஸ்மேனியாவைச் சேர்ந்த பீற்றர் ரற்றம் என்பவர் எழுதிய ட்ரம்பெற் வின்சொக் என்னும் மென்பொருளைப் பலர் தனியாகச் சேர்த்துக் கொண்டனர்.

இரண்டாவது, மொடெம். இது இரு வகைப்படும். ஒன்று கணனிக்கு வெளியே தனிப் பெட்டியாக வைப்பது. அது கணனியின் பின்புறத்தில் ஊசிகள் கொண்ட வாயுடன் கேபிளால் இணைக்கப்படும். முன்புறத்தில் சிறு விளக்குகள் இருப்பதால் எது நடக்கிறது என்று பார்த்தறியலாம். மற்றது கணனிக்குள்ளே பொருத்தும் அட்டை. உள்ளே பொருத்தியவற்றுள் மலிவானவை பல, தமது வேலையில் பாதியைக் கணனியின் தலையிலேயே சுமத்தின. வேகம் குறைந்த கணனிகள் அதனால் தடுமாறின.

மூன்றாவது, தொலைபேசி. மொடெமில் இரண்டு துளைகள் இருந்தன. ஒன்று சுவரிலிருந்து வரும் கம்பிக்கு, மற்றது தொலைபேசிக் கருவிக்கு. இவற்றை மாற்றிச் சொருகிவிட்டு மணிக்கணக்காக அல்லற்பட்டோர் பலர்.

நான்காவது, கணக்கு. இணையச் சேவை வழங்குநர் ஒரு தொலைபேசி இலக்கம், ஒரு பயனர் பெயர், ஒரு கடவுச்சொல் ஆகிய மூன்றையும் கொடுப்பார். அவற்றைக் கணனியில் பதிந்து அழைக்கச் சொன்னால், மொடெம் தானே கம்பியைத் திறந்து இலக்கத்தைச் சுழற்றும். மறுமுனை மொடெம் ஒரு நீண்ட ஒலியால் பதில் சொல்லும். பின்னர் கீச்சொலியும் இரைச்சலும் சில செக்கன்கள் கேட்கும். அவ்வேளையில் இரு மொடெம்களும் கம்பியின் தரத்தைச் சோதித்து, எவ்வளவு வேகம் தாங்கும் என்று உடன்பட்டுக் கொள்கின்றன. உடன்பாடு வந்ததும் ஒலி அடங்கும். கடவுச்சொல் சரி பார்க்கப்படும். பின்பு இணையம் திறக்கும்.

ஒரு மணித்தியாலத்தில் எவ்வளவு?

வாய்க்காலின் அகலம் தெரிந்தால் வயலுக்குத் தண்ணீர் பாய எவ்வளவு நேரம் செல்லும் என்று விவசாயி கணக்கிடுவான். இங்கும் அப்படியே. செக்கனுக்கு 28,800 பிற்றுகள் என்றால் 3,600 பைற்றுகள். ஒரு மணித்தியாலத்திற்கு ஏறக்குறைய 13 மெகாபைற்றுகள்.

பாமினி எழுத்துருவில் அடித்த ஒரு பக்கக் கடிதம் ஏறக்குறைய 2,000 பைற்றுகள். ஒரு செக்கனுக்குள் அது போய்விடும். இன்றைய கைத்தொலைபேசியில் எடுத்த 3 மெகாபைற்றுப் படம் ஒன்று போக 14 நிமிடங்கள் வேண்டும். 20 மெகாபைற்று அளவுள்ள சிறு காணொளிக்கு ஒன்றரை மணித்தியாலம். அத்தனை நேரமும் தொலைபேசிக் கட்டணம் ஏறும். வீட்டுக்கு வேறு அழைப்பும் வராது.

ஆகவே அக்காலத்தவர் ஒரு பழக்கத்தைக் கைக்கொண்டனர். கடிதத்தை முதலிலே ஆறுதலாக அடித்து முடிப்பர். பிழை திருத்துவர். அதன் பின்னரே அழைப்பெடுத்து, அனுப்பி, வந்தவற்றை இறக்கி, உடனே கம்பியைத் துண்டிப்பர். வாசிப்பது பின்னர். டேற்றாவுக்குப் பணம் கட்டும் இன்றைய குடும்பங்களுக்கும் இந்தப் பழக்கம் பொருந்தும்.

தண்ணீர் எங்கே நிற்கிறது?

வயலுக்குத் தண்ணீர் வராவிட்டால் நாம் உடனே குளத்தைக் குறை சொல்வதில்லை. வரம்பிலிருந்து வாய்க்கால் வழியே மேலே நடந்து, எங்கே அடைபட்டுள்ளது என்று பார்க்கிறோம். மொடெம் இணைப்பையும் அவ்வாறே சோதித்தனர். மின்சாரம் வருகிறதா? கணனி மொடெமைக் காண்கிறதா? தொலைபேசியைத் தூக்கினால் தொனி கேட்கிறதா? மறுமுனை பதில் சொல்கிறதா? கடவுச்சொல் ஏற்கப்படுகிறதா? இதற்குப் பின்னரும் பக்கம் திறக்காவிட்டால் மாத்திரமே பிழை அப்பால் உள்ளது.

இன்றைய இணைப்புக்கும் இந்த ஒழுங்கு உதவும். இணையம் இல்லை என்றவுடன் புதிய கருவி வாங்க ஓடாதீர்கள். எது வரைக்கும் வருகிறது, எங்கே நிற்கிறது என்று முதலிற் கண்டறியுங்கள். சரியான இடத்தைச் சொல்லத் தெரிந்தவரிடம் திருத்துபவர் வீண் காசு வாங்க முடியாது.

இடி மின்னலையும் மறக்கக் கூடாது. மின்னலின் வேகம் மின்கம்பியால் மட்டுமன்றித் தொலைபேசிக் கம்பியாலும் வரும். கணனியின் பிளக்கைக் கழற்றிவிட்டுத் தொலைபேசிக் கம்பியை விட்டதனால் மொடெம் எரிந்த வீடுகள் உண்டு. இரண்டையும் கழற்ற வேண்டும்.

இன்று அவ்வழி ஏன் சரிவராது?

காரணங்கள் மூன்று.

ஒன்று, கம்பி. போர் முடிந்த 2009க்குப் பின்னர் வடக்கில் பல வீடுகளுக்கு முதலில் வந்தது கம்பியில்லாத வீட்டுத் தொலைபேசியே. அத்தகைய தொலைபேசி குரலைச் சுருக்கி அனுப்புவதால் மொடெமின் ஒலி அதில் சிதைந்துவிடும். இன்று கண்ணாடி இழைகளும் கைத்தொலைபேசிக் கோபுரங்களும் செப்புக் கம்பியின் இடத்தைப் பிடித்துள்ளன.

இரண்டு, சேவை. அழைப்பெடுத்தால் மறுமுனையில் பதில் சொல்ல ஒரு மொடெம் வேண்டும். இம்முறையை உலகெங்கும் பிரபலமாக்கிய அமெரிக்காவின் ஏ.ஓ.எல். கொம்பனியே 2025 செப்ரெம்பர் 30ஆம் திகதி தனது தொலைபேசி வழிச் சேவையை நிறுத்திவிட்டது.

மூன்று, பாதுகாப்பு. வின்டோஸ் 98க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2006 யூலையிலும், வின்டோஸ் எக்ஸ்பிக்கானவை 2014 ஏப்ரலிலும் நின்றுவிட்டன. இன்றைய இணையத்தளங்கள் கேட்கும் மறைகுறியாக்க முறைகளை அக்காலத்து மென்பொருள் அறியாது. பல தளங்கள் திறக்கவே மாட்டா. எவ்வகையிலாவது இணைத்தாலும், வங்கிக் கணக்கையோ அடையாள அட்டை விபரத்தையோ அக்கணனியில் இடுவது கதவில்லாத வீட்டில் நகை வைப்பதற்குச் சமம்.

ஆகவே பழைய கணனியைத் தொலைபேசி வழி இணையத்துக்காகத் திருத்த ஒரு ரூபாவும் செலவழிக்க வேண்டாம் என்பதே எமது பதில்.

அப்படியானால் என்ன செய்வது?

எறிந்து விடாதீர்கள். இரும்பு வாங்குபவருக்கு அவசரப்பட்டுக் கொடுக்கவும் வேண்டாம். கணனியின் உள்ளே வன்தட்டு என்னும் ஒரு பாகம் உண்டு. நீங்கள் அடித்த கடிதங்கள் யாவும் அதிலேயே இருக்கும். கணனி இயங்காவிட்டாலும் வன்தட்டு நல்ல நிலையில் இருக்கக் கூடும். அதைக் கழற்றி, விலை குறைந்த ஒரு இணைப்பியின் உதவியுடன் புதிய கணனியொன்றில் சொருகினால் உள்ளிருப்பவற்றைப் பிரதி எடுக்கலாம். கடைக்குக் கொடுப்பதாயின், "இதிலுள்ளதை அழிக்க வேண்டாம், முதலில் பிரதி எடுத்துத் தாருங்கள்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். புதிய முறைமை போடுகிறோம் என்று வன்தட்டைத் துடைத்துவிடும் வழக்கம் உண்டு.

எடுத்த கடிதத்தைத் திறக்கும்போது தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகத் தெரிந்தால் அஞ்ச வேண்டாம். அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்டது. அந்த எழுத்துருவைக் கணனியில் சேர்த்தால் தமிழாகத் தெரியும். பின்னர் அதனை யுனிகோட் முறைக்கு மாற்றி வைத்தால் எந்தக் கைத்தொலைபேசியிலும் வாசிக்கலாம்.

இயங்கும் கணனியாயின், இணையம் இல்லாமலே தட்டச்சுப் பழகவும், கடிதம் எழுதவும், சங்கக் கணக்கு வைக்கவும் அது போதும். தொடங்கும்போது திகதி பிழையாகக் காட்டினால், பெரும்பாலும் உள்ளேயுள்ள நாணயம் போன்ற சிறு பற்றரி முடிந்திருக்கும். அது மலிவான பொருள்.

ஒரு இணைப்பு, பல வீடுகள்

வீட்டுக்கொரு இணைப்பு இல்லாவிட்டால் பயனில்லை என்று எண்ண வேண்டாம். மகாவலித் திட்டத்தில் காணி இழந்து புதிதாகக் குடியேறிய விவசாயக் குடும்பங்களையும் கருத்திற் கொண்டு கொத்மலையில் 1989இல் ஒரு சமூக வானொலி தொடங்கப்பட்டது. 1999இல் யுனெஸ்கோவின் உதவியுடன் அதற்கு இணையம் கிடைத்தது. இணைப்பின் வேகம் செக்கனுக்கு 64,000 பிற்றுகள். மொடெமின் 56,000ஐ விடச் சற்றே கூட. நேயர்கள் கேள்விகளை அனுப்பினர். நிலையத்தார் இணையத்தில் தேடி, விடயம் அறிந்தவர்களைக் கேட்டு, மக்களின் மொழியில் வானொலியில் விளக்கினர். ஒடுங்கிய ஒரு வாய்க்காலிலிருந்து பல வயல்கள் பயன் பெற்றன. எமது கிராமங்களிலும் ஒரு வாசிகசாலையில் அல்லது சங்கக் கட்டடத்தில் நல்ல கணனி ஒன்றும் ஒழுங்கான இணைப்பு ஒன்றும் இருந்தால், பத்து வீடுகள் தனித்தனியே பழைய கணனிகளுக்குச் செலவிடுவதை விட அது மேலானது.

அந்தத் தாயாரின் கணனிக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். கணனி எழும்பவில்லை. வன்தட்டு நன்றாக இருந்தது. அதிலே, காலஞ்சென்ற கணவர் 2004இல் பிரதேச செயலகத்துக்கு அடித்த கடிதம் ஒன்று கிடைத்தது. காணியின் நான்கு எல்லைகள், கிணறு, உறுதி இலக்கம், உறுதி முடித்த நொத்தாரிசின் பெயர், திகதி யாவும் அதில் இருந்தன. உறுதி இடம்பெயர்வின்போது தொலைந்திருந்தது. கடிதம் உறுதிக்கு ஈடாகாது. ஆனால் இந்த விபரங்கள் இருந்தால் காணிப் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். அவர் விண்ணப்பித்துள்ளார்.

விதைநெல்லுக்கு வைத்த காசில் அவருக்குச் செலவானது வன்தட்டுக்கான இணைப்பியின் விலை மட்டுமே. உங்கள் வீட்டிலும் உறவினர் வீட்டிலும் சாக்குச் சுற்றிய பழைய பெட்டி ஏதும் இருந்தால், திருத்தவோ விற்கவோ முன்னர் அதனுள்ளே என்ன எழுதி வைத்தீர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.