மகிழமரத்தடியில் ஒரு சத்தியம்

சென்னையிலிருந்து திருவள்ளூர் மார்க்கமாகச் செல்லும் ரயிலில் அம்பத்தூருக்கு அடுத்த நிலையம் திருமுல்லைவாயில். அங்கிருந்து இரண்டாவது நிலையம் ஆவடி. வாக்குக் கொடுப்பது, கொடுத்த வாக்கைக் காப்பது, காக்கத் தவறுவது ஆகிய மூன்று விஷயங்களையும் பற்றி ஒருவன் ஆராய்ச்சி செய்ய விரும்பினால், அவன் டில்லிக்குப் போய்ப் பார்லிமெண்டு நடவடிக்கைப் புஸ்தகங்களைப் புரட்ட வேண்டியதில்லை. இவ்விரண்டு ஊர்களுக்குள்ளேயே வேண்டிய சரக்குக் கிடைத்துவிடும். ஓர் ஊரில், சத்தியம் தவறிக் கண்ணிழந்த ஒருவர் வந்து முறையிட்ட சிவாலயம் இருக்கிறது. மற்றோர் ஊரில், 1955-ஆம் வருஷம் ஜனவரி மாதம் தேசத்திற்கே ஒரு பெரிய வாக்குக் கொடுக்கப்பட்டது.

முதல் கதையைச் சொன்னவர் சேக்கிழார். பூந்தமல்லிக்குப் பக்கத்தில் உள்ள குன்றத்தூர்க்காரர். சோழ மன்னனுக்கு மந்திரியாக இருந்தவர் என்பது வழக்கு. மந்திரி உத்தியோகம் பார்த்தவர் ஒருவர், வாக்குத் தவறியவனுடைய கதியை இவ்வளவு தாட்சண்யமின்றி எழுதியிருக்கிறார் என்பதே நமக்கு ஆச்சரியமாயிருக்கிறது.

சுந்தரமூர்த்தி நாயனார் திருவொற்றியூருக்கு வந்து சங்கிலியாரைக் கண்டார். மணம் முடித்து வைக்கும்படி தம் தோழரான சிவபெருமானையே தூது அனுப்பினார். சங்கிலியார் சாமானியப் பெண் அல்லர். இந்த மாப்பிள்ளைக்குத் திருவாரூரில் ஏற்கெனவே ஒரு குடும்பம் உண்டென்பதை அறிந்தவர். ஆகையால், 'உன்னைப் பிரியேன்' என்று சந்நிதியில் சத்தியம் செய்து கொடுக்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. இங்கேதான் நாயனார் ஒரு யுக்தி செய்தார். 'சந்நிதியில் நான் சத்தியம் செய்யும் சமயத்தில் தேவரீர் மூலஸ்தானத்தை விட்டு வெளியே மகிழமரத்தடியில் எழுந்தருளியிருக்க வேண்டும்' என்று சுவாமியிடம் கேட்டுக்கொண்டார். சுவாமியும் சரி என்றார். சுவாமி இல்லாத சந்நிதியில் செய்த சத்தியம் எவரைக் கட்டும்? எந்த அரசியல் கட்சியின் சட்ட ஆலோசகரும் இதைவிடச் சிறந்த உபாயத்தைச் சொல்லியிருக்க முடியாது.

ஆனால் சுவாமி அன்றிரவே சங்கிலியாரின் கனவிலும் தோன்றி, 'சந்நிதியில் வேண்டாம். மகிழமரத்தடியில் சத்தியம் வாங்கிக்கொள்' என்று சொல்லிவிட்டார்! மறுநாள் நாயனார் கம்பீரமாகச் சந்நிதியை நோக்கி நடந்தபோது, சங்கிலியாரின் தோழிமார், 'இதற்காகச் சந்நிதி வரை போவானேன்? மரத்தடியே போதும்' என்றார்கள். அவருக்கு வாயடைத்துப் போயிற்று. மரத்தடியில் சத்தியம் செய்தார்; பின்பு வசந்த காலம் வந்தது; திருவாரூர் ஞாபகம் வந்தது; புறப்பட்டார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரு கண்களும் ஒளியிழந்தன.

அந்த நிலையில் அவர் வந்து பாடிய தலம் நமது திருமுல்லைவாயில். இவ்வூரில் அவருக்குக் கண் கிடைக்கவில்லை. அடுத்துப் போன திருவெண்பாக்கத்தில், 'கோயிலுள்ளே இருக்கிறீரா?' என்று மனம் நொந்து கேட்டார். 'இருக்கிறோம், நீர் போம்' என்ற கருத்தில் பதில் கிடைத்தது. மனுவுடன் சர்க்கார் காரியாலயங்களின் வாசலில் நின்ற அனுபவம் உடையவர்களுக்கு இந்தப் பதிலின் தொனி நன்கு விளங்கும். ஆயினும் வெறுங்கையாக அனுப்பவில்லை. ஊன்றுகோல் ஒன்று கொடுத்தனுப்பப்பட்டது. ஒரு கண் காஞ்சியிலும் மறு கண் திருவாரூரிலும் கிடைத்தன. தோழர் என்பதற்காகத் தண்டனை ரத்தாகவில்லை. தவணை முறையில்தான் நிவாரணம் வந்தது.

இனி ஆவடிக்கு வருவோம். 1955-இல் காங்கிரஸ் மகாசபையின் அறுபதாவது மகாநாடு அங்கே நடந்தது. தலைவர் யு. என். தேபர், பிரதம மந்திரி நேரு, சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரி காமராஜர். மகாநாட்டிற்காக எழுந்த தற்காலிக நகரத்திற்குச் சத்தியமூர்த்தி நகர் என்று பெயர் வைத்தார்கள். அங்கே நிறைவேறிய தீர்மானம் உலகம் அறிந்தது: தேசத்தின் திட்டங்கள் யாவும் 'சோஷலிஸ மாதிரி'யான சமுதாயத்தை அமைப்பதையே நோக்கமாகக் கொள்ள வேண்டும் என்பது.

சோஷலிஸம் அன்று, சோஷலிஸ மாதிரி. 'மாதிரி' என்பது தமிழில் பொல்லாத சொல். ஜவுளிக் கடைக்காரர் 'பட்டு மாதிரி இருக்கும்' என்று எடுத்துப் போட்டால், அது பட்டு அல்ல என்று குழந்தைக்கும் தெரியும். 'சொந்தப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிறேன்' என்பவனிடம் சொத்தை எழுதி வைக்கப் புத்தியுள்ளவர் எவரும் துணியார். ஆனால் தேசத்தின் பெரியோர் ஒன்றுகூடி 'மாதிரி' என்றபோது நாம் கைதட்டினோம். முன்பாதியைக் கேட்டு வாலிபர்கள் சந்தோஷித்தார்கள். பின்பாதியைக் கேட்டு மில் முதலாளிகள் ஆறுதல் அடைந்தார்கள். ஒரே சொற்றொடரால் இரு சாராரையும் வீட்டுக்குத் திருப்தியாக அனுப்புவது லேசான திறமையன்று.

ஆவடித் தீர்மானம் வெறும் காகிதம் என்று சொல்லுவது அநியாயம். அதே 1955-இல் இம்பீரியல் பாங்கு ஸ்டேட் பாங்காக மாறியது. 1956-இல் ஆயுள் இன்ஷியூரன்ஸ் சர்க்கார் வசமாயிற்று. அவ்வருஷத்துத் தொழிற்கொள்கைத் தீர்மானமும் இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டமும் ஆவடிப் பாதையிலேயே நடந்தன. நமது வட்டாரமும் பயன்பெற்றது. பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலையும், 1960-களில் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தன. ஏரிப் பாசனத்தை நம்பியிருந்த கிராமங்களின் பிள்ளைகள் சங்கு ஊதும் நேரத்திற்கு எழுந்து வேலைக்குப் போகக் கற்றார்கள். அம்பத்தூர்ப் பேட்டையில் தழைத்தவை பெரும்பாலும் தனியார் பட்டறைகளே என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'மாதிரி'க்குள் எல்லாவற்றுக்கும் இடமிருந்தது.

அச்சொல்லின் பிற்காலச் சரித்திரந்தான் சிந்திக்கத் தக்கது. 1959-இல் ராஜாஜி சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, இதெல்லாம் பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யமே என்று சாடினார். காங்கிரஸ் பின்வாங்கவில்லை, 1964-இல் புவனேசுவரத்தில் ஜனநாயக சோஷலிஸம் என்று சுருதியை ஏற்றியது. 1976-இல் நாற்பத்திரண்டாவது திருத்தத்தின் மூலம் அச்சொல் அரசியல் சாசனத்தின் முகவுரையிலேயே ஏறிவிட்டது. 1991-இல் அதே கட்சியின் சர்க்கார், தொழில்களுக்கு லைசென்ஸ் வாங்கும் முறையைப் பெரும்பாலும் எடுத்துவிட்டது. முகவுரையோ மாறவில்லை. சந்நிதியில் சத்தியம் அப்படியே இருக்கிறது. சுவாமி மட்டும் எப்போதோ எழுந்து மகிழமரத்தடிக்குப் போய்விட்டார். 1991-இல் செய்தது சரியா, 1955-இல் சொன்னது சரியா என்ற வழக்கை நாம் இங்கே எடுக்கவில்லை. சொன்ன வார்த்தையை மாற்றிக்கொண்டதாக எந்த மேடையிலாவது எவராவது வந்து ஜனங்களிடம் தெளிவாகச் சொன்னார்களா என்பதே நமது கேள்வி.

அந்தத் தற்காலிக நகரத்திற்குப் பெயர் கொடுத்த சத்தியமூர்த்தியைப் பாருங்கள். 1939-40-இல் அவர் சென்னை மேயர். பட்டணம் தண்ணீருக்குத் தவித்தது. உலக யுத்தம் தொடங்கிவிட்டது. காங்கிரஸ் மந்திரி சபை ராஜிநாமா செய்துவிட்டது. ராஜதானி நிர்வாகம் கவர்னர் கையில். இத்தகைய காலத்தில், கொசஸ்தலையாற்றில் பூண்டி நீர்த்தேக்கம் கட்டும் வேலையை அவர் பிடிவாதமாக நின்று தொடங்க வைத்தார். 1940-இல் அஸ்திவாரம், 1944-இல் வேலை முடிந்தது. சிறைவாசத்தால் நலிந்த அந்தத் தேசபக்தர் 1943 மார்ச்சிலேயே காலமாகிவிட்டார். தண்ணீர் தேங்கியதை அவர் பார்க்கவில்லை. நீர்த்தேக்கம் இன்று அவர் பெயரால் வழங்குகிறது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. சுந்தரர் ஊன்றுகோல் பெற்ற திருவெண்பாக்கத்துக் கோயில் அந்த நீர்த்தேக்கத்திற்காக விலக வேண்டியதாயிற்று. மூர்த்திகளைப் பெயர்த்தெடுத்துப் பூண்டியில் வேறு ஆலயம் அமைத்தார்கள். அன்று நண்பனுடைய யுக்திக்காக மூலஸ்தானத்தை விட்டு எழுந்த சுவாமி, பட்டணத்து ஜனங்களின் தாகத்திற்காக இன்னொரு முறை எழுந்தருளினார் என்று நாம் வைத்துக்கொள்ளலாம்.

பூண்டிக்குக் கிருஷ்ணா நதியையும் கொண்டுவருவதாக 1976-இல் பேச்சு முடிந்து, 1983-இல் எம். ஜி. ஆரும் என். டி. ராமராவும் உடன்படிக்கை செய்து, 1996-இல் தண்ணீர் எல்லையைத் தொட்டது. ஆண்டுக்குப் பன்னிரண்டு டி. எம். சி. என்பது கணக்கு; பெரும்பாலான ஆண்டுகளில் குறைந்தே வந்திருக்கிறது. ஆனாலும் இதைக் கேலி செய்ய நமக்கு மனமில்லை. இத்தனை என்று அளவு எழுதியிருப்பதால் எத்தனை குறைந்தது என்று கேட்க முடிகிறது. 'மாதிரி'யில் எத்தனை குறைந்தது என்று எவர் அளப்பது?

இந்த நியாயத்தை வைத்துப் பார்த்தால், 1967 தேர்தலில் தி. மு. கழகம் எழுப்பிய அரிசிக் கோஷத்தைக்கூட நாம் கொஞ்சம் மரியாதையுடனேயே நினைக்க வேண்டும். ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றார்கள். மூன்று படியைச் சந்நிதியில் வைத்தார்கள்; ஒரு படியை மரத்தடியில் வைத்தார்கள். ஜெயித்த பின் சென்னையிலும் கோவையிலும் ஒரு படித் திட்டம் தொடங்கியது. பொக்கிஷம் இடங்கொடாமல் நின்றது. லட்சியத்தைப் பற்றி எவரும் வழக்குத் தொடுக்கவில்லை. ஆனால் நிச்சயம் என்ற சொல்லை வைத்து எதிர்க்கட்சியினர் வெகு காலம் குத்திக் காட்டினார்கள். அளவு சொன்னவன் அகப்படுவான். அதுதான் அளவு சொல்வதில் உள்ள யோக்கியதை.

காமராஜர் வழி வேறு. அவரிடம் எது கேட்டாலும் 'ஆகட்டும், பார்க்கலாம்' என்பதே பதில் என்பது பிரசித்தம். உலகத்திலேயே மிகச் சிறிய தேர்தல் அறிக்கை இதுதான் என்பது நமது அபிப்பிராயம். இந்தப் 'பார்க்கலாம்' ஆசாமியின் ஆட்சியில் பள்ளிக்கூடங்களில் மதிய உணவு வந்தது. கிராமந்தோறும் பள்ளிகள் பெருகின. 1967-இல் அவரே விருதுநகரில் தோற்றார். சொல்லாமல் செய்தவரை ஜனங்கள் கைவிட்டார்கள் என்று சிலர் அங்கலாய்ப்பதுண்டு. அரிசித் தட்டுப்பாட்டையும் 1965-இன் ஹிந்தி எதிர்ப்பையும் மறந்துவிட்டுச் செய்யும் அங்கலாய்ப்பு அது.

சட்டம் என்ன சொல்லுகிறது? 2006 தேர்தலில் கலர் டெலிவிஷன் தருவதாக வாக்களிக்கப்பட்டது. 2011-இல் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2013-இல் கோர்ட்டார், தேர்தல் அறிக்கையில் கட்சி தரும் வாக்குறுதி சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று தீர்ப்பளித்து, இதற்கு விதிகள் செய்யும்படி தேர்தல் கமிஷனைப் பணித்தார்கள். அதன்படி, வாக்குறுதிக்கு நியாயமான காரணமும், பணம் வரும் வழியும் அறிக்கையில் பொதுவாகக் குறிக்கப்பட வேண்டும் என்று நடத்தை விதிகளில் சேர்க்கப்பட்டது. நல்ல விதி. பெட்டிக்கடைகளில் 'இன்று ரொக்கம், நாளை கடன்' என்று பலகை தொங்குமே, அதைப் படித்துவிட்டு மறுநாள் கடன் கேட்கப் போகிறவன் ஊரில் ஒருவனும் இல்லை. 'நாளை' என்ற சொல்லின் தந்திரம் எல்லோருக்கும் தெரியும். அறிக்கையைப் படிக்கும்போது மட்டும் அந்த ஞானம் நம்மை விட்டுப் போய்விடுகிறது.

இவ்வளவும் நாம் எழுதுவது தலைவர்களைத் திருத்துவதற்காக அல்ல. அந்த ஆசை நமக்கு இல்லை. சுந்தரர் கதைக்கும் நமது காலத்திற்கும் உள்ள பேதம் இதுதான்: அன்று சத்தியம் செய்தவரே கண்ணிழந்தார். இன்று சத்தியம் செய்பவருக்கு யாதொரு குறையும் வருவதில்லை. அவர் மேடையில் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விடுகிறார். அதைத் துண்டுப் பிரசுரமாக வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்த தொண்டன் இருக்கிறானே, அவன் இங்கேயே குடியிருக்கிறான். தண்ணீர் லாரிக்குக் குடத்துடன் நிற்பவர்களும், மழைக் காலத்தில் முழங்காலளவு நீரில் நடப்பவர்களும் அவனுடைய அண்டை வீட்டார். 'போன தடவை என்னவோ சொன்னாயேப்பா' என்று அவர்கள் கேட்கும்போது முகம் வாடுவது அவனுக்குத்தான்.

திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலில் நந்தி சுவாமியைப் பார்த்திராமல் வெளியே பார்த்துப் படுத்திருக்கும். குறும்பரோடு போரிட்ட தொண்டைமானுக்குத் துணையாகப் போகும்படி சுவாமி ஏவியதால் அப்படித் திரும்பியது என்பது தலபுராணம். நமது கட்சிகளின் தொண்டர்களில் பெரும்பாலோர் மற்ற ஊர் நந்திகளைப் போல் தலைவரின் திருமுகத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள். இவ்வூர் நந்தியின் திசையில் சற்றுத் திரும்பிப் பார்த்தால், தங்கள் நிலைமை அவர்களுக்கே விளங்கும்.

ஆகையால் தொண்டர்களான வாசகர்களுக்கு ஒரு யோசனை. அடுத்த தேர்தலுக்கு அறிக்கை அச்சாகி வரும்போது, அதைக் கையில் வாங்குமுன் மாவட்டக் கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள்: எவ்வளவு? எந்த வருஷத்துக்குள்? எந்தப் பணத்திலிருந்து? பணத்தைப் பற்றிய கேள்விக்குத் தேர்தல் கமிஷனே உங்களுக்குத் துணை. 'மாதிரி', 'ஆவன', 'பரிசீலனை', 'படிப்படியாக' என்ற சொற்கள் எங்கெங்கே வருகின்றன என்று பென்சிலால் கோடிட்டுக் காட்டுங்கள். தலைவர் கோபித்துக்கொள்ளக்கூடும். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், அந்தத் துண்டுப் பிரசுரத்துடன் முல்லைவாயில் தெருக்களில் வீடு வீடாக நுழையப் போகிறவர் அவர் அல்லர்.